முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள்: பெல்ட் சாண்டர் பற்றிய கேள்வி-பதில்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையேறி, ராமேசுவரம் தொடங்கித் தொண்டி வரைக்கும் மராமத்து வேலைகள் ஒரே சமயத்தில் நடப்பதால், தேய்ப்பு மெஷின் பற்றிய கடிதங்களும் ஒரே சமயத்தில்தான் வந்து சேர்கின்றன. இம்முறை வந்தவற்றில் பெரும்பாலானவை கையில் பிடித்து ஓட்டும் பெல்ட் சாண்டர், அதாவது வளையமான உப்புத்தாள் பெல்ட்டைச் சுழற்றி மரத்தைத் தேய்க்கும் மெஷின் பற்றியவை. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒருவருடைய கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். மெஷினின் அளவு, பெல்ட்டின் கிரிட் (சொரசொரப்பைக் காட்டும் எண், எண் கூடக் கூட நைசு), தேய்த்த மரம் ஆகிய மூன்றையும் எழுதாதவர்களுக்கு ஊகித்துத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்பதால், அத்தகைய கடிதங்களில் பெரும்பாலானவற்றை ஒதுக்கி வைத்துவிட்டேன்.

பெல்ட் ஒரு பக்கமாகவே ஒதுங்கி ஒதுங்கிப் போய் மெஷினின் உடம்பை அறுக்கிறது. என்ன செய்வது? (மண்டபம்)

பெல்ட்டை நேராக ஓடவைக்கப் பக்கவாட்டில் இருக்கும் திருகை நீங்கள் இதுவரை தொட்டதே இல்லை என்று கடிதத்திலிருந்து தெரிகிறது. மெஷினை மல்லாத்தி ஒரு கையால் இறுகப் பிடித்துக்கொண்டு, விட்டுவிட்டு ஓட்டி, பெல்ட்டின் விளிம்பும் ரோலரின் விளிம்பும் ஒன்றாக வரும்வரை அந்தத் திருகைக் கால் சுற்று, அரைக்கால் சுற்றாகத் திருப்புங்கள். மெஷின் ஓடும்போது செய்ய வேண்டிய சரிபார்ப்பு இது ஒன்றுதான். மற்ற எதற்கும் பிளக்கைப் பிடுங்கிய பிறகே பெல்ட் பக்கம் கை போக வேண்டும். திருகு கடைசிவரை போன பிறகும் பெல்ட் ஒதுங்கினால், முன் ரோலரில் பிசினும் தூளும் சேர்ந்து கெட்டிப்பட்டு ஒரு பக்கம் மேடாகியிருக்கலாம். அதை மரச்சில்லால் சுரண்டி எடுங்கள், இரும்பால் சுரண்டாதீர்கள். அதற்குப் பிறகும் சரியாகவில்லை என்றால், முன் ரோலரை விரலால் ஆட்டிப் பாருங்கள். அது ஆடினால் பேரிங் போய்விட்டது. உப்புக்காற்று அடிக்கும் இடத்தில் பேரிங்குகள் மற்ற ஊர்களைவிடச் சீக்கிரம் துருப்பிடிக்கும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

மெஷினை எவ்வளவு அமுக்கிப் பிடிக்க வேண்டும்? (ராமேசுவரம்)

அமுக்கவே வேண்டாம். மூன்று முதல் ஆறு கிலோ வரை இருக்கும் அதன் எடையே போதும். அமுக்கினால் மோட்டார் சூடாகும், பெல்ட் மழுங்கும், மரத்தில் பள்ளம் விழும்.

வாங்கிப் போட்ட இரண்டாம் நாளே பெல்ட் ஒட்டு விட்டு அறுந்துவிட்டது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா? (தொண்டி)

கடைக்காரரைக் குறை சொல்வதற்கு முன் மீதியிருக்கும் பெல்ட்டின் உட்புறத்தைப் பாருங்கள். அங்கே அம்புக்குறி இருந்தால், மெஷினில் இருக்கும் அம்புக்குறியும் அதுவும் ஒரே திசையைக் காட்ட வேண்டும். ஒன்றின்மேல் ஒன்றாக ஏற்றி ஒட்டிய பெல்ட்டைத் தலைகீழாக மாட்டினால், ஒட்டின் விளிம்பு மரத்தில் மோதி மோதிக் கிளம்பிவிடும். நேருக்கு நேர் வைத்துப் பின்னால் நாடா ஒட்டிய பெல்ட்டுக்குத் திசை கிடையாது. இரண்டாவது காரணம் சேமிப்பு. படகுக் கொட்டகையின் ஆணியில் மாதக்கணக்கில் தொங்கிய பெல்ட்டில், ஆணி பட்ட இடத்தில் மடிப்பு விழுந்திருக்கும். ஈரக்காற்றில் ஒட்டும் தளர்ந்திருக்கும். பெல்ட்டுகளைப் பெட்டியோடு வீட்டுக்குள் வையுங்கள், தொங்கவிட்டே ஆக வேண்டுமென்றால் நான்கு அங்குல பி.வி.சி. குழாய்த் துண்டில் தொங்கவிடுங்கள். இரண்டு மூன்று ஆண்டுக்குத் தேவையானதை மொத்தமாக வாங்கி அடுக்குவதில் லாபம் எதுவும் இல்லை.

நீளமான பலகை என்பதால் சுவிட்சின் லாக் பட்டனை அழுத்திவிட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் கரன்ட் போய்விட்டது. மெஷினைப் பலகைமேலேயே வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்புவதற்குள் கரன்ட் வந்து, மெஷின் தானாக ஓடிக் கீழே விழுந்து கைப்பிடி உடைந்துவிட்டது. இப்படித் தானாக ஓடாத நல்ல கம்பெனி மெஷின் எது? (பாம்பன்)

மெஷின் தானாக ஓடவில்லை. ஓடு என்று நீங்கள் சொல்லிவிட்டுப் போன வேலையைத்தான், மின்சாரம் கிடைத்தவுடன் அது செய்திருக்கிறது. லாக் பட்டன் என்பது சுவிட்சை உள்ளே பிடித்து வைக்கும் ஒரு சாதாரணக் கொக்கி. மின்சாரம் போனதோ வந்ததோ அதற்குத் தெரியாது. இந்த வகை மெஷின்களில் பெல்ட் நிமிடத்துக்கு ஏறக்குறைய 300 மீட்டர் ஓடுகிறது, அதாவது வினாடிக்கு ஐந்து மீட்டர். அடிப்பக்கம் பெல்ட் பின்னோக்கி ஓடுவதால் மெஷின் முன்னோக்கிப் பாயும். பிடிக்க ஆளில்லாத மெஷின் பத்தடிப் பலகையைக் கடக்க ஒரு வினாடிகூட ஆகாது. பலகையின் மறுமுனையில் ஒரு சிறுவன் உட்கார்ந்து வேடிக்கை பார்த்திருந்தால் இந்தக் கடிதம் வேறு மாதிரி எழுதப்பட்டிருக்கும். கைப்பிடியோடு போனது உங்கள் அதிர்ஷ்டம்.

இதே கடிதம் ஊர்ப்பெயர் மட்டும் மாறி எனக்கு வந்துகொண்டேயிருக்கிறது என்பதால் சற்று விரிவாகவே சொல்லிவிடுகிறேன். மின்சாரம் அடிக்கடி வந்து போகும் இடத்தில் லாக் பட்டனை விரலாலும் தொடக்கூடாது என்பது என் கட்சி. விரல் வலிக்கிறது என்பவர்கள் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி ஓய்வெடுக்கலாம். மோட்டாருக்கும் அது நல்லதுதான். அப்படியும் பயன்படுத்தித்தான் ஆவேன் என்றால், மின்சாரம் போன அந்த நொடியே சுவிட்சை ஒருமுறை முழுதாக அழுத்தி விட்டு லாக்கை விடுவியுங்கள், பிறகு பிளக்கைப் பிடுங்குங்கள், பிறகு டீக்கடைக்குப் போங்கள். காலையில் வேலை தொடங்கும்போதும் இதே முறைதான்: சுவிட்ச் விடுபட்டிருக்கிறதா என்று பார்த்த பிறகே பிளக்கைச் சொருக வேண்டும். மின்சாரம் திரும்பினாலும் சுவிட்சை மறுபடி அழுத்தினால் மட்டுமே ஓடும் பாதுகாப்புள்ள மெஷின்கள் சில இருக்கின்றன. ஆனால் அதை நம்பிப் பழக்கத்தை மாற்றாமல் இருப்பவர், நாளை பக்கத்துப் பட்டறையில் இரவல் வாங்கிய பழைய மெஷினோடும் அப்படியேதான் நடந்துகொள்வார்.

உங்கள் கடிதத்தோடு வந்த படத்தில் இன்னொன்றையும் பார்த்தேன். பிளக் இல்லாத ஒயரின் இரண்டு முனைகளையும் சாக்கெட்டின் துளைகளில் விட்டுத் தீக்குச்சிகளால் முட்டுக் கொடுத்திருக்கிறீர்கள். பிளக்கைப் பிடுங்குங்கள் என்று வரிக்கு வரி நான் எழுதுவது, பிடுங்குவதற்குப் பிளக் இருக்கிறது என்ற நம்பிக்கையில்தான். ஈர மணலில் வெறுங்காலோடு நிற்பவருக்கு அந்தத் தீக்குச்சி எந்தப் பாதுகாப்பும் தராது. இரண்டு பின் பிளக் ஒன்று ஐம்பது அறுபது ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஆயிரம் வாட் மெஷினுக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் போதும். நூறடிக்கு மேல் இழுப்பதானால் 2.5 போடுங்கள். சுருளாக இருக்கும் எக்ஸ்டென்ஷனை முழுவதும் பிரித்துவிட்டே ஓட்டுங்கள், சுருளுக்குள் சூடேறி உறை உருகும். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லாத இணைப்பிலிருந்து கடற்கரைக்கு ஒயர் இழுக்காதீர்கள். மெஷினின் ஒயர் எப்போதும் உங்கள் தோளுக்குமேல் கிடக்கட்டும். முன்னால் கிடந்தால் பெல்ட் அதன்மேல் ஏறிவிடும்.

எந்தக் கம்பெனி என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

என் மெஷின் சரியாகத் தேய்க்கவில்லை. வழி சொல்லவும். (ஊர் குறிப்பிடவில்லை)

எதைத் தேய்க்கவில்லை, எந்தப் பெல்ட்டால் தேய்க்கவில்லை என்று எழுதினால் சொல்கிறேன்.

பழைய வீட்டின் தேக்குக் கதவில் ஏழெட்டுப் பூச்சு பெயின்ட் இருக்கிறது. பெல்ட் சாண்டரால் எடுத்துவிட்டு வார்னிஷ் அடிக்க ஆசை. கதவில் கொஞ்சம் கொத்துவேலையும் உண்டு. (கீழக்கரை)

கொத்துவேலை இருக்கும் இடத்துக்குப் பெல்ட் சாண்டரைக் கொண்டுபோகவே வேண்டாம். நூறாண்டு நின்ற பூவிதழ் அரை வினாடியில் மொட்டையாகிவிடும். மட்டமான பலகைகளிலும் பெயின்டை எடுக்க இது ஏற்ற கருவி அன்று. சூட்டில் பெயின்ட் இளகிப் பெல்ட்டில் அப்பிக்கொள்ளும், ஒரு கதவுக்கு அரை டஜன் பெல்ட்டாவது செலவாகும். அதைவிட முக்கியமானது ஈயம். வீட்டுப் பெயின்டுகளில் ஈயம் 90 பி.பி.எம்.முக்குமேல் (பத்து லட்சத்தில் 90 பங்குக்குமேல்) இருக்கக்கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சுகளில், குறிப்பாக மஞ்சள், சிவப்பு, பச்சை நிறங்களில், ஈயம் இருக்கிறது என்றே எடுத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். அந்தத் தூள் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். ஆகவே கதவைக் கழற்றி வீட்டைவிட்டு அப்பால் கொண்டுபோய், பெயின்ட் ரிமூவர் தடவி, ஈரமாக இருக்கும்போதே சுரண்டி எடுங்கள். ஊதுவிளக்கால் சுட்டு உரிக்காதீர்கள், ஈயப் புகை தூளைவிட மோசம். சுரண்டியதைக் காகிதத்தில் சுற்றிக் கட்டி அப்புறப்படுத்துங்கள். மரம் முழுதாக வெளியே தெரிந்த பிறகு, மட்டப் பலகைகளில் மட்டும் 80 கிரிட், அடுத்து 120 கிரிட் பெல்ட்டை மரத்தின் ரேகை வாக்கிலேயே ஓட்டலாம். வார்னிஷுக்கு முந்தைய கடைசித் தேய்ப்பு கையால் பிடித்த உப்புத்தாளாக இருக்கட்டும்.

பிளைவுட்டில் ஓட்டினால் மேல்தாள் போய் அடித்தாள் தெரிகிறது. (தங்கச்சிமடம்)

மேல்தாள் பெரும்பாலும் அரை மில்லிமீட்டர்கூட இருப்பதில்லை. மரைன் பிளைவுட்டாகவே இருந்தாலும் பெல்ட் சாண்டரைப் பயன்படுத்தாதீர்கள்.

பனஞ்சட்டங்களைத் தேய்த்தால் வழவழப்பே வரவில்லை, வரி வரியாக நிற்கிறது. (ஏர்வாடி)

பனையில் கறுத்த நார்க்கட்டுகள் இரும்பாகவும் இடையில் இருக்கும் சோறு பஞ்சாகவும் இருப்பதால், மழுங்கிய பெல்ட் சோற்றை மட்டும் தின்றுவிட்டு நாரை விட்டுவிடுகிறது. புதிய 60 கிரிட் பெல்ட் போட்டு, நாரின் போக்கிலேயே நீளவாக்கில் ஓட்டி, அடுத்து 100 போடுங்கள். குறுக்கே ஓட்டினால் சிலாம்பு கிளம்பும். மெஷினுக்கு அடியில் பெல்ட்டைத் தாங்கும் தகட்டையும் பாருங்கள். அது தேய்ந்து நடுவில் குழிந்திருந்தாலும் வரி விழும். சட்டத்தைக் கிளாம்பு போட்டு இறுக்காமல் காலால் மிதித்துக்கொண்டு தேய்ப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதை இன்றோடு நிறுத்துங்கள். இறுக்காத கட்டையை மெஷின் உங்கள் பக்கமாகவே எறியும், அங்கே இருப்பது உங்கள் முழங்கால்.

கையுறை போடலாமா? லுங்கியோடு வேலை செய்யலாமா? (ராமநாதபுரம்)

தொளதொளவென்ற துணிக் கையுறை வேண்டாம். லுங்கியை மடித்துக் கட்டினாலும் வேண்டாம். கழுத்துத் துண்டையும் மணிக்கட்டுக் கயிற்றையும் கழற்றி வையுங்கள், கண்ணாடியும் காதடைப்பும் போட்டுக்கொள்ளுங்கள்.

ஃபைபர் வள்ளத்தில் விரிசல் விட்ட இடத்தில் புதிதாக ரெசின் போடுவதற்கு முன் பெல்ட் சாண்டரால் தேய்க்கலாமா? முகத்தில் ஈரத்துண்டு கட்டிக்கொள்கிறேன். (சோழியக்குடி)

மட்டமான தளமாக இருந்தால் 40 அல்லது 60 கிரிட் போட்டுத் தேய்க்கலாம். வள்ளத்தின் வளைவில் மெஷினின் அடித்தகடு முழுதாகப் பதியாது, அதன் ஓரம் பள்ளம் பறிக்கும். அங்கே ஆங்கிள் கிரைண்டரில் ஃபிளாப் டிஸ்க் (உப்புத்தாள் மடல்களை அடுக்கிய வட்டு) போடுவதே சரி. எந்த மெஷினானாலும் ஈரத்துண்டு போதவே போதாது. கண்ணுக்குத் தெரியும் தூளை மட்டுமே அது தடுக்கும், நுரையீரலின் அடிவரை போவது கண்ணுக்குத் தெரியாத தூள். குறைந்தது என்95 முகக்கவசம் வேண்டும், தாடி இருந்தால் அதுவும் ஓரத்தில் கசியும். மரத்தூளுக்கும் இதுவே பொருந்தும்: மரத்தூள் மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. கச்சான் காற்று அடிக்கும் நாளில் காற்றை முதுகுக்கு வாங்கிக்கொண்டு நிற்காதீர்கள். தூள் உங்கள் முன்னாலேயே சுழன்று முகத்துக்கு வரும். காற்று பக்கவாட்டில் போகும்படி நில்லுங்கள், போகும் பக்கத்தில் வலை பின்னுகிறவர்கள் யாரும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முழுக்கைச் சட்டை போட்டு, வேலை முடிந்ததும் குளிர்ந்த நீரில் குளியுங்கள். தேய்த்த இடத்தை அசிட்டோனால் துடைக்கும்போது, நான் மறுபடியும் சொல்கிறேன், மெஷினின் பிளக் பிடுங்கியிருக்க வேண்டும். மோட்டாருக்குள் உரசி மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ்ஷின் ஒரு பொறி, அந்த ஆவி தீப்பிடிக்கப் போதும்.

மோட்டார் ஓடும் சத்தம் கேட்கிறது, பெல்ட் சுற்றவில்லை. உள்ளே பொறியும் அதிகமாகத் தெரிகிறது. (தேவிபட்டினம்)

இரண்டும் வேறு வேறு கோளாறுகள். பெல்ட் சுற்றாததற்குப் பெரும்பாலும் பக்க மூடிக்குள் இருக்கும் பல் வைத்த சிறு ரப்பர் பெல்ட் அறுந்திருக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு மூடியைக் கழற்றிப் பாருங்கள், சில திருகுகள்தான். பொறிக்குக் கார்பன் பிரஷ் காரணமாக இருக்கலாம். ஐந்தாறு மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்திருந்தால் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். மாற்றிய பிறகும் பொறி வளையமாகச் சுற்றி வந்தால் மோட்டாரின் சுழலும் பாகமான ஆர்மச்சூரை மெக்கானிக்கிடம் காட்ட வேண்டிய நேரம் வந்துவிட்டது.

படகிலிருந்து கழற்றிய பழைய பலகையில் ஆணிகள் இருக்கின்றன. அப்படியே ஓட்டலாமா? (முந்தல்)

கூடாது. ஆணித்தலை பெல்ட்டைக் கிழிக்கும் என்பது சின்ன நஷ்டம். இரும்பில் உரசிக் கிளம்பும் பொறி நேராக மெஷினின் தூள் பைக்குள் போய், அங்கே நிறைந்திருக்கும் மரத்தூளில் உட்கார்ந்து புகையத் தொடங்கும். நீங்கள் வேலையை முடித்து வீட்டுக்குப் போன பிறகு கொட்டகை எரியும். கையால் தடவியும் காந்தத்தை ஓட்டியும் ஆணி தேடி எடுங்கள். செம்பாணி காந்தத்தில் ஒட்டாது என்பதால் கண்ணாலும் பாருங்கள். ஆணி இல்லாத பலகையானாலும் பை பாதி நிறைந்ததும் கொட்டிவிடுங்கள், மாலையில் பையை மெஷினோடு விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

தடைக்காலம் முடிந்தால் அடுத்த ஆண்டுதான் மெஷினை எடுப்போம். எப்படி வைப்பது? (மண்டபம்)

பிளக்கைப் பிடுங்கி, பெல்ட்டை இறுக்கும் நெம்புகோலைத் தளர்த்திப் பெல்ட்டைக் கழற்றித் தனியாக வையுங்கள். பத்து மாதம் இழுவிசையோடு இருந்தால் பெல்ட்டும் கெடும், உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கும் தளரும். காற்றுத் துளைகளைப் புளோயரால் வெளிப்பக்கமாக ஊதிச் சுத்தம் செய்யுங்கள். உப்புப் போக வேண்டுமென்று ஈரத்துணியைப் பிழியாமல் துடைக்காதீர்கள், பிழிந்த துணியால் துடைத்து நிழலில் உலர்த்துங்கள். பெயின்ட் இல்லாத இரும்புப் பாகங்களில் மட்டும் மெல்லிய எண்ணெய் தடவலாம். பெல்ட்டை இழுக்கும் ரப்பர் ரோலரில் ஒரு சொட்டும் படக்கூடாது, பட்டால் அடுத்த ஏப்ரலில் பெல்ட் வழுக்குகிறது என்று எனக்குக் கடிதம் எழுதுவீர்கள். மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, படகுக் கொட்டகையில் வைக்காமல் வீட்டுப் பரணில் வையுங்கள்.