பழைய ஸ்போர்ட்ஸ் காரில் ஹீட்டர் சரியாகச் சூடாவதில்லை, எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1990களில் வந்த டொயோட்டா எம்ஆர்2, சிஓஇ (சிங்கப்பூரில் கார் வைத்திருக்கத் தேவையான உரிமச் சான்றிதழ்) புதுப்பித்து ஓட்டுகிறீர்கள். ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்தாலும் வெதுவெதுப்பாகத்தான் காற்று வருகிறது, மழையில் கண்ணாடி மங்குகிறது. டிசம்பரில் மனைவியோடு மலேசியாவிலுள்ள கேமரன் மலைக்குப் போக வேண்டும். வொர்க்‌ஷாப்பில் "சிங்கப்பூரில் ஹீட்டர் எதுக்கு?" என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள்.

என்னிடமும் அதே கார்தான். எனக்கும் அதே பதில்தான் கிடைத்தது. ஆனால் ஹீட்டர் என்பது டாஷ்போர்டுக்குள் இருக்கும் ஒரு குட்டி ரேடியேட்டர். இன்ஜினைக் குளிர்விக்கச் சுற்றி வரும் அதே கூலன்ட் திரவம்தான் அதற்குள்ளும் ஓடுகிறது. அங்கே சூடு வரவில்லை என்றால், கூலன்ட் குறைந்திருக்கலாம், குழாயில் எங்கேயோ காற்று அடைத்து நிற்கலாம், தெர்மோஸ்டாட் (சூட்டுக்கேற்ப ரேடியேட்டர் வழியைத் திறந்து மூடும் வால்வு) வேலை செய்யாமல் இருக்கலாம். இதில் எதுவாக இருந்தாலும் இன்ஜினுக்கு ஆபத்துதான். ஹீட்டர் தேவையே இல்லை என்றாலும் காரணத்தைக் கண்டுபிடித்தே ஆகவேண்டும் என்பேன்.

முதலில் கண்ணாடி. மங்கும்போது விரலால் தேய்த்துப் பாருங்கள், ஈரம் உள்ளேயா வெளியேயா என்று தெரியும். சிங்கப்பூரில் பெரும்பாலும் வெளியேதான் இருக்கும். நம் ஊர்க் காற்றில் அவ்வளவு ஈரம். ஏர்கான் காற்று கண்ணாடியில் பட்டுக் குளிர்ந்ததும் வெளிப்பக்கம் வியர்த்துவிடும். அதற்கு வைப்பரும், காற்றைக் கண்ணாடிப் பக்கம் விடாமல் இருப்பதும் போதும். உள்ளே மங்கினால்தான் ஹீட்டரின் வேலை வருகிறது: ஏர்கான் காற்றிலுள்ள ஈரத்தை எடுக்கும், ஹீட்டர் அதே காற்றைச் சூடாக்கிக் கண்ணாடிக்கு அனுப்பும், இரண்டையும் சேர்த்துப் போட வேண்டும். கேமரன் மலையிலுள்ள தானா ராத்தா ஊர் கடல் மட்டத்திலிருந்து 1,400 மீட்டருக்கு மேலே இருக்கிறது. ராத்திரி மழையில் இரண்டு பேர் விடும் மூச்சே அந்தச் சின்ன கேபினின் கண்ணாடியை மறைத்துவிடும். அதனால் உங்கள் கவலை நியாயமானது.

இப்போது காரைப் பார்ப்போம். இன்ஜின் முழுக்க ஆறிய பிறகு, காலையில் பாருங்கள். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே திறக்காதீர்கள், முகத்தில் கொதிநீர் பீறிடும். நம் காரில் கூலன்ட் ஊற்றும் வாய் பின்னால், இன்ஜின் பக்கத்தில் இருக்கிறது. மிஞ்சும் கூலன்ட் போய் நிற்கும் பிளாஸ்டிக் டப்பாவில் அளவு சரியாக இருக்கிறது என்று திருப்திப்பட வேண்டாம். டப்பா நிறைந்திருந்தும் உள்ளே குறைந்திருப்பதை நானே பார்த்திருக்கிறேன். மூடியைத் திறந்து கழுத்து வரைக்கும் நிற்கிறதா, என்ன நிறம் என்று பாருங்கள். என் காரில் தே தாரிக் (பால் டீ) நிறத்தில் இருந்தது. யாரோ வருஷக்கணக்காகக் குழாய்த் தண்ணீர் மட்டும் ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள். இங்கே உறையும் பேச்சே இல்லை என்பதால் பலர் கூலன்ட் வேண்டாம் என்று நினைக்கிறார்கள். நமக்கு அது வேண்டியது துருவைத் தடுக்கத்தான்.

அடுத்து தெர்மோஸ்டாட். என் காரில் வினை அங்கேதான் இருந்தது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நெரிசலில் நிற்கும்போது வெப்பமுள் சரியான இடத்தில் நிற்கும். தீவு விரைவுச்சாலையில் வேகம் எடுத்ததும் மெல்லக் கீழே இறங்கும். ராத்திரி மழையில் இன்னும் இறங்கும். காக்கி புக்கிட்டில் எனக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக் அண்ணனிடம் காட்டினேன். கூலன்ட்டை வடித்து, தெர்மோஸ்டாட் உட்காரும் கூட்டின் இரண்டு நட்டுகளைக் கழற்றி, மூடியைக் கையில் எடுத்துப் பார்த்தார். "தம்பி, இங்க வந்து பாரு" என்றார். உள்ளே ஒன்றுமே இல்லை. வெறும் பள்ளம், ஓரத்தில் காய்ந்த கேஸ்கெட் பிசின். எப்போதோ யாரோ கழற்றி எறிந்துவிட்டு மூடியிருக்கிறார்கள்.

வெயில் நாட்டில் தெர்மோஸ்டாட் வேண்டாம் என்பது நம் பக்கத்தில் பழைய பழக்கம். இது தவறு. தெர்மோஸ்டாட் ஏறக்குறைய 82 டிகிரி வரும்வரை ரேடியேட்டர் வழியை அடைத்து வைக்கும், இன்ஜின் சீக்கிரம் சூடாகும். அதை எடுத்துவிட்டால் ரேடியேட்டருக்குத் தண்ணீர் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும். வேகமாகப் போகும்போது முன்னால் அடிக்கிற காற்றில் ஆறிப்போய், ஹீட்டருக்கு வெதுவெதுப்புதான் மிஞ்சும். இன்ஜின் குளிர்ந்தே ஓடுகிறது என்று நினைத்து கம்ப்யூட்டர் பெட்ரோலை அதிகம் விடும். எண்ணெயில் சேரும் ஈரமும் ஆவியாகாது. இன்னொன்றும் உண்டு. சில தெர்மோஸ்டாட்டுகளில், சூடானதும் பைபாஸ் வழியை (ரேடியேட்டரைத் தவிர்த்துச் சுற்றும் குறுக்கு வழி) மூடுவதற்கு அடியில் ஒரு தட்டு இருக்கும். அந்த மாதிரி இன்ஜினில் தெர்மோஸ்டாட்டை எடுத்தால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும். தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமலே திரும்பிவிடும். நெரிசலில் இன்ஜின் கொதிக்கும். சூடாகக் கூடாது என்று எடுத்ததே சூட்டுக்குக் காரணமாகும்! புதியது போடும்போது அதன் விளிம்பிலுள்ள குட்டி ஆணி மேல் பக்கம் வரவேண்டும். காற்று வெளியேறும் வழி அது.

முள் ஒழுங்காக நிற்கிறது, அப்படியும் சூடு இல்லை என்றால் ஹீட்டருக்குப் போகும் இரண்டு ரப்பர் ஹோஸ்களைத் தேடுங்கள். நம் காரில் முன் டிக்கியின் உள்பக்கம். ஒரு தடவை நன்றாக ஓட்டிவிட்டு வந்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, இரண்டையும் தொட்டுப் பாருங்கள். கை சுட்டுவிடும், ஒரு நொடி போதும். இரண்டுமே நல்ல சூடு என்றால் தண்ணீர் ஓடுகிறது, கோளாறு காற்றுப் பக்கம். காற்றை ஹீட்டர் வழியாகத் திருப்பிவிடும் உள் கதவு திரும்பவில்லை, அல்லது அதை இழுக்கும் கேபிளின் கிளிப் நழுவியிருக்கிறது. ஏர்கான் வாயிலிருந்து கறுப்புப் பொடி வந்தால் கதவிலுள்ள ஸ்பாஞ்ச் பொடிந்துவிட்டது என்று அர்த்தம். ஒன்று சூடு, ஒன்று குளிர்ச்சி என்றால் தண்ணீர் ஓடவில்லை. காற்று, அடைப்பு, அல்லது வால்வு உள்ள காரில் அது மூடிக் கிடக்கிறது. இரண்டுமே வெதுவெதுப்பு என்றால் மறுபடி தெர்மோஸ்டாட்டுக்குப் போங்கள். அந்த ஹோஸ்கள் ஹீட்டருக்கே போகாமல் வளைத்து ஒன்றோடொன்று இணைக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். ஹீட்டர் ஒழுகினால் சரிசெய்யாமல் இப்படி வளைத்துவிடுவது இங்கே சகஜம்.

எம்ஆர்2வில் காற்று அடைப்பது மற்ற கார்களைவிட அதிகம். இன்ஜின் பின்னால், ரேடியேட்டர் முன்னால், நடுவே தரைக்கடியில் நீளமான குழாய்கள். ஆகவே கூலன்ட் மாற்றிய ஒவ்வொரு முறையும் காற்றைப் பொறுமையாக வெளியேற்ற வேண்டும். முன்னால் ரேடியேட்டரிலும் ஹீட்டர் பக்கத்திலும் காற்று விடும் திருகுகள் இருக்கின்றன. அவற்றில் தெளிந்த பிளாஸ்டிக் குழாய் மாட்டி, மேலே உயரமாகக் கட்டி, ஹீட்டரைச் சூட்டில் வைத்து, பின்னால் மெதுவாக ஊற்ற வேண்டும். குழாய்க்குள் குமிழி குமிழியாக மேலே ஏறுவது கண்ணுக்குத் தெரியும். குமிழி நிற்கும்வரை அவசரப்படக் கூடாது. எங்களுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. நடுவில் அண்ணன் கோப்பி குடித்துவிட்டு வந்து, ஹோஸ்களை அழுத்தி அழுத்தி மறுபடி ஊற்றினார். இரண்டாவது தடவைதான் ஹீட்டர் ஹோஸ் சுட ஆரம்பித்தது. எத்தனை தடவை எடுத்தாலும் காற்று திரும்பி வந்தால் ஹெட் கேஸ்கெட்டை (இன்ஜினின் மேல் பாகத்துக்கும் கீழ்ப் பாகத்துக்கும் நடுவே உள்ள அடைப்புத் தகடு) சந்தேகப்படுங்கள். கூலன்ட் மேலிருக்கும் காற்றை நீல நிறத் திரவத்தின் வழியாக இழுத்துச் சோதிப்பார்கள், இன்ஜின் புகை கலந்திருந்தால் மஞ்சளாக மாறும்.

அடைப்பு என்றால் ஹீட்டரின் இரு ஹோஸ்களையும் கழற்றி, தோட்டக் குழாயால் மெதுவாக, எதிர்த்திசையிலும் தண்ணீர் விட்டுக் கழுவலாம். அழுத்தமாக அடிக்க வேண்டாம், முப்பது வருஷ இணைப்புகள் விட்டுப்போகும். காருக்குள் தித்திப்பு வாசனை, பயணி கால்மாட்டில் ஈரம், கண்ணாடியின் உள்ளே எண்ணெய்ப் பிசுக்கு, இவை இருந்தால் கழுவிப் பயனில்லை. ஹீட்டர் ஒழுகுகிறது, மாற்றத்தான் வேண்டும்.

ஒரு வேண்டுகோள். வடித்த கூலன்ட்டை அடுக்குமாடி புளோக் கீழே கொட்டாதீர்கள். தித்திப்பாக இருப்பதால் பூனைகள் நக்கும், கொஞ்சமே போதும் அவற்றின் சிறுநீரகம் கெட்டுவிடும். நம் வடிகால்கள் பலவும் நீர்த்தேக்கத்துக்குத்தான் போகின்றன. வொர்க்‌ஷாப்பில் கொடுத்தால் எடுத்துக்கொள்வார்கள்.

பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பே இதையெல்லாம் முடித்துவிடுங்கள். ஏனென்றால் ஒளிந்திருக்கும் காற்று சில நாள் ஓடிய பிறகும் வெளியே வரும், அப்போது அளவு இறங்கும். தண்ணீரோடு கலந்த கூலன்ட் ஒரு பாட்டிலை டிக்கியில் வையுங்கள். மலையடிவாரத்துத் தாப்பாவிலிருந்து ஏறும்போது முள் மேலே போனால் ஏர்கானை நிறுத்தி, ஹீட்டரையும் விசிறியையும் முழுதாகப் போட்டு, ஓரமாக நிறுத்த இடம் வரும்வரை இன்ஜின் சூட்டை அதன் வழியாக இறக்கலாம். வியர்த்துக் கொட்டும், ஆனால் இன்ஜின் தப்பிக்கும். நாங்கள் கேமரன் மலைக்குப் போனபோது அதற்குத் தேவை வரவில்லை. தானா ராத்தாவில் இறங்கிய மறுநாள் காலை மூடியைத் திறந்து பார்த்தேன், அரை டம்ளர் அளவு இறங்கியிருந்தது. ஊற்றி மூடினேன். திரும்பி சிங்கப்பூர் உட்லண்ட்ஸ் வந்து சேரும்வரை ஒரு சொட்டுகூடக் குறையவில்லை.