ராஜ்யசபா கமிட்டிக்கு எழுதிப் போட்டா யாராச்சும் படிப்பாங்களா?

கேள்வி: லோக்சபால பாஸான ஒரு பில்லை ராஜ்யசபால செலக்ட் கமிட்டிக்கு (பில்லை அலசிப் பாக்குற எம்பிங்க குழு) அனுப்பிட்டாங்க சார். பொதுமக்களும் கருத்து சொல்லலாம்னு பேப்பர்ல விளம்பரம் பாத்தேன். நீ எழுதி என்னடா ஆகப்போகுதுன்னு வீட்டுல சிரிக்கிறாங்க. எழுதலாமா?

பதில்: தாராளமா எழுதுங்க. வீட்டுல சிரிக்கிறதுலயும் பாதி நியாயம் இருக்கு, கமிட்டி சொல்றத அரசாங்கம் கேட்டே ஆகணும்னு கட்டாயம் கிடையாது, அது வெறும் சிபாரிசுதான். ஆனா வாடகைத்தாய் பில்லுக்கு என்ன ஆச்சுன்னு பாருங்க. 2019 ஆகஸ்ட்ல லோக்சபால பாஸ் ஆச்சு, நெருங்கின சொந்தக்காரப் பொண்ணுதான் வாடகைத்தாயா இருக்கலாம்னு அதுல இருந்துச்சு, நவம்பர்ல ராஜ்யசபா அதை 23 பேர் இருக்குற செலக்ட் கமிட்டிக்குத் தள்ளிவிட்டுச்சு, அவங்க டாக்டருங்க, வக்கீலுங்கன்னு எல்லார்கிட்டயும் கேட்டுட்டு 2020 பிப்ரவரில ரிப்போர்ட் குடுத்தாங்க. சொந்தக்காரங்கதான்னு இல்ல, விருப்பப்பட்டு வர்ற எந்தப் பொண்ணும் இருக்கலாம், வாடகைத்தாய்க்கு இன்சூரன்ஸ் 16 மாசம் பத்தாது, 36 மாசம் வேணும்னாங்க. 2021 டிசம்பர்ல வந்த சட்டத்துல ரெண்டுமே இருக்கு.

சபைல டிவி கேமரா முன்னாடி கட்சிக்காகப் பேசுற அதே எம்பிங்க கமிட்டி ரூமுக்குள்ள கொஞ்சம் வேற மாதிரி, அங்க கேமராவும் இல்ல, இப்படித்தான் ஓட்டுப் போடணும்னு கட்சி போடுற கொறடா உத்தரவும் இல்ல, அதனால விஷயத்தப் பேசுவாங்க. (வரி, அரசாங்கச் செலவு பத்தின மணி பில்லுன்னா மட்டும் கதை வேற, ராஜ்யசபா 14 நாளுக்குள்ள திருப்பி அனுப்பியாகணும், அதுல இந்த வேலையெல்லாம் நடக்காது.)

எழுதும்போது 'இந்தச் சட்டமே வேணாம்'னு நாலு பக்கம் பொங்காதீங்க, என் அனுபவத்துல அதெல்லாம் கட்டுல கடைசிலதான் கிடக்கும். பில்லுல எந்தப் பிரிவு, அதுல எந்த வார்த்தை, அதனால யாருக்கு என்ன பாதிப்பு, அதுக்குப் பதிலா என்ன வார்த்தை போடலாம், இவ்ளோதான். உங்க தொழில்லயோ குடும்பத்துலயோ நேர்ல பாத்தத ஒரு பத்தி சேருங்க, அது எந்த எம்பிக்கும் ஆபீஸ்ல உக்காந்து கிடைக்காது.

டைம் பெரும்பாலும் 15 நாள்தான் குடுப்பாங்க, விளம்பரத்துல தேதியப் பாத்துக்கங்க. இங்கிலீஷ் இல்ல ஹிந்தில ரெண்டு காப்பி கேப்பாங்க, தமிழ்ல எழுதி யார்கிட்டயாவது மாத்தி வாங்கிக்கங்க. நேர்ல வந்து பேசணும்னா அதையும் லெட்டர்லயே எழுதிடுங்க, கூப்பிடுறதும் விடுறதும் கமிட்டி இஷ்டம். அனுப்பின பிறகு அந்த லெட்டர் கமிட்டியோட சொத்து, ரகசியம், ஃபேஸ்புக்ல போட்டீங்கன்னா சபையோட உரிமைய மீறினதா உரிமை மீறல்ல போய் மாட்டிப்பீங்க.