மகளோடு லாஸ் வேகாஸுக்குக் குடிபோகலாமா?

கேள்வி: என் கணவர் எச்1பி விசாவில் மென்பொருள் வேலையில் இருக்கிறார். நான்கு வருடமாக நியூ ஜெர்சியில் இருக்கிறோம். இப்போது லாஸ் வேகாஸில் வேலை கிடைத்திருக்கிறது, ஜூனில் கிளம்ப வேண்டும். மகளுக்கு 9 வயது. ஊரே சூதாட்டம் என்று இரண்டு வீட்டாரும் பயமுறுத்துகிறார்கள். குழந்தையை வைத்துக்கொண்டு அங்கே வாழ முடியுமா? வீடு எந்தப் பக்கம் பார்க்கலாம்? ஜூலையில் மாமியாரைக் கோவையிலிருந்து வரவழைக்கலாம் என்றும் நினைக்கிறோம். யோசனை சொல்லுங்கள்.

பதில்: வாழலாம், நன்றாகவே வாழலாம். வேலை மாறி இங்கே வரும் குடும்பங்களுக்கு வீடு பார்த்துக் கொடுப்பதுதான் பன்னிரண்டு வருடமாக என் தொழில். நம் ஊர்க் குடும்பங்கள் வந்து இறங்கும்போது கேட்கிற முதல் கேள்வி, நீங்கள் கேட்டிருப்பதுதான். ஆனால் அவர்கள் பயப்படுவது ஒன்று, கவனிக்க வேண்டியது வேறொன்று. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

படங்களில் நாம் பார்க்கும் வேகாஸ் என்பது 'ஸ்ட்ரிப்' என்கிற ஒரே சாலை. லாஸ் வேகாஸ் பூல்வார்டில் நாலு மைல் நீளத்துக்கு நிற்கும் ஓட்டல்கள், அவ்வளவுதான். அதில் பெரும்பகுதி லாஸ் வேகாஸ் நகர எல்லைக்குள்கூட வராது. பாரடைஸ் என்ற பகுதியில், கிளார்க் கவுண்டியின் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) நேரடி நிர்வாகத்தில் இருக்கிறது. அந்தக் கவுண்டியில் 23 லட்சம் பேருக்கு மேல் வசிக்கிறார்கள். பள்ளி, கடை, பூங்கா, நீச்சல் வகுப்பு என்று அவர்கள் வாழ்க்கை வேறெந்த அமெரிக்கப் புறநகரையும் போலத்தான் போகிறது. விருந்தாளி வந்தால் ஒழிய மாதக்கணக்கில் ஸ்ட்ரிப் பக்கம் போகாதவர்களை எனக்கு நிறையவே தெரியும். பக்கத்திலேயே போல்டர் சிட்டி என்று ஒரு சின்ன ஊர் உண்டு. 1931இல் ஹூவர் அணை கட்ட வந்த தொழிலாளர்களுக்காக அரசு உருவாக்கியது. நெவாடா மாநிலம் சூதாட்டத்தைச் சட்டபூர்வமாக்கியதும் அதே வருடம்தான். ஆனால் அந்த ஊரில் சூதாட்டம் அன்றும் கூடாது, இன்றும் கூடாது.

சரி, கவனிக்க வேண்டியது எது? பால் வாங்கப் போகிற கடை.

இந்த மாநிலத்தில் மளிகைக் கடை, பெட்ரோல் பங்க், மதுக்கூடம் போன்ற இடங்களுக்குப் பதினைந்து சூதாட்ட இயந்திரங்கள் வரை வைத்துக்கொள்ளச் சிறிய உரிமம் தருகிறார்கள். விமான நிலையத்தில் இறங்கி நடக்கும்போதே அந்த ஸ்லாட் மெஷின்களின் சத்தம் கேட்கும். ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி இருக்கும். எங்கள் பகுதிக் கடையில் பாலும் தயிரும் வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். வாசலை ஒட்டிய இயந்திர வரிசையில் எழுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தள்ளுவண்டி. அதில் ரொட்டி, வாழைப்பழம், உறைந்த பட்டாணிப் பை இரண்டு. பட்டாணி உருகி, வண்டிக் கம்பி வழியாகச் சொட்டிச் சொட்டி, தரையில் ஒரு தட்டு அளவுக்குத் தண்ணீர் தேங்கியிருந்தது. அவர் கண் திரையை விட்டு நகரவில்லை. விரல் மட்டும் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தது. அந்தப் பட்டாணிப் பை இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

ஸ்ட்ரிப்பில் பணத்தை விடுகிறவர் பெரும்பாலும் மூன்று நாளில் ஊருக்குத் திரும்பிவிடுவார். இங்கேயே குடியிருக்கிறவருக்கு இயந்திரம் தினமும் வழியில் நிற்கிறது. உள்ளூர்க்காரர்களுக்கென்றே குடியிருப்புகளுக்கு நடுவில் கேசினோக்கள், அதாவது சூதாட்டக் கூடங்கள், இருக்கின்றன. அவற்றில் திரையரங்கு, பௌலிங், மலிவான சாப்பாடு எல்லாம் உண்டு. படம் பார்க்கத் தாராளமாகப் போங்கள், நாங்களும் போகிறோம். ஆனால் 'பிளேயர்ஸ் கார்டு' என்று இலவசமாகத் தருவார்களே, அதை வாங்க வேண்டாம். வாங்கினால் "இவ்வளவு டாலர் இலவச ஆட்டம்" என்று வீட்டுக்குத் தபால் வர ஆரம்பிக்கும். ஏற்கெனவே வாங்கியிருந்தால் தபாலை நிறுத்தச் சொல்லிக் கேட்கலாம்.

கணவரோடு உட்கார்ந்து ஒரு கணக்கையும் போட்டுப் பார்த்துவிடுங்கள். பந்து எந்த எண்ணில் விழும் என்று பணம் வைக்கும் ரூலட் சக்கரத்தில் 1 முதல் 36 வரை எண்கள், அவற்றோடு 0, 00 என இரண்டு. மொத்தம் 38 குழிகள். சரியான எண்ணுக்குத் தருவது 35 மடங்கு. 38 முறை ஒரு டாலர் வைத்து ஒரு முறை ஜெயித்தால் கைக்கு வருவது, வைத்த டாலரையும் சேர்த்து, 36. மீதி 2 டாலர் கேசினோவுக்கு. அதாவது 5.26 விழுக்காடு. இப்போது ஸ்ட்ரிப்பில் மூன்று பூஜ்யம் வைத்த சக்கரங்களும் வந்துவிட்டன, அதில் 7.69 விழுக்காடு. பிளாக்ஜாக் என்ற சீட்டாட்டத்தில், பழைய விதிப்படி, 10 டாலர் வைத்து முதல் இரண்டு சீட்டிலேயே 21 விழுந்தால் 15 டாலர் கிடைக்கும். '6க்கு 5' என்று எழுதியிருக்கும் மேசையில் 12தான். அதிர்ஷ்டம் கெட்டவன் தோற்கிறான் என்று நம் வீடுகளில் சொல்வார்கள். அதிர்ஷ்டத்துக்கு இதில் பெரிய வேலை இல்லை. தொடர்ந்து ஆடுகிறவர் தோற்கும்படி விதியையே அப்படி எழுதி வைத்திருக்கிறார்கள். வீட்டில் யாருக்காவது இது பழக்கமாகிறது என்று தோன்றினால், சம்பளக் கணக்கு குறையும் வரை காத்திருக்காதீர்கள். சூதாட்டப் பழக்கத்துக்கான உதவி எண் 1-800-426-2537, அதில் எந்த நேரமும் பேசலாம்.

மகளைப் பற்றிச் சொல்கிறேன். 21 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் ஆடக் கூடாது, ஆடும் இடத்தில் நிற்கவும் கூடாது. நடைபாதை வழியாகக் கடந்து போகலாம். நின்றால் காவலர் வந்து நகரச் சொல்வார். அதனால் குழந்தைகள் இயந்திரத்தில் கை வைக்கும் வாய்ப்பு குறைவு. விளம்பரப் பலகைகளையும், ஸ்ட்ரிப் நடைபாதையில் நீட்டப்படும் அரைகுறை ஆடைப் படச் சீட்டுகளையும் அவள் பார்ப்பாள். கேள்வி கேட்பாள். ஒன்பது வயதுக்குப் புரிகிற மாதிரி நீங்களே பதில் சொல்லிவிடுவது நல்லது. பள்ளியைப் பொறுத்தவரை, கிளார்க் கவுண்டி பள்ளி மாவட்டம் நாட்டின் மிகப் பெரியவற்றில் ஒன்று, சுமார் 3 லட்சம் மாணவர்கள். தரம் பள்ளிக்குப் பள்ளி மிகவும் மாறும். வீட்டு முகவரியை வைத்துத்தான் பள்ளி ஒதுக்குவார்கள். எனவே பள்ளியை முதலில் தேர்ந்தெடுத்து, அப்புறம் அந்த எல்லைக்குள் வீடு தேடுங்கள். ஏதாவது ஒரு துறையில் தனிக் கவனம் செலுத்தும் 'மேக்னட்' பள்ளிகளுக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

நம் குடும்பங்கள் அதிகம் பார்ப்பது மேற்கே சம்மர்லின், தென்கிழக்கே ஹெண்டர்சன், தென்மேற்கே என்டர்பிரைஸ் பக்கம். சம்மர்லினில் இந்துக் கோயில் இருக்கிறது, மலை பக்கத்தில், வாடகை கூடுதல். ஹெண்டர்சன் தனி நகராட்சி. பூங்காக்கள் நன்றாக இருக்கும். தென்மேற்கில் புதிய வீடுகள் கிடைக்கும். எங்கே போனாலும் முதல் வருடம் வாடகைக்கே இருங்கள்.

வீடு பார்க்க எல்லோரும் காலையில் போகிறார்கள். இந்த ஊரில் மாலை நான்கு மணிக்குப் போக வேண்டும். மேற்கு வெயில் எந்த அறையில் விழுகிறது என்பது அப்போதுதான் தெரியும். மாடிப் படுக்கையறைக்குள் போய் ஐந்து நிமிடம் நில்லுங்கள். மாடிக்குத் தனி ஏசி இருக்கிறதா, அது எத்தனை வருடம் பழையது, போன ஜூலையில் மின்கட்டணம் எவ்வளவு வந்தது என்று வீட்டுக்காரரிடம் கேளுங்கள். தயங்கினால் வேறு வீடு பாருங்கள். பின்கட்டில் நீச்சல் குளம் இருந்தால், பூட்டுகிற மாதிரி வேலி இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள். எதிர்வீட்டு ஜன்னலில் அலுமினியத் தாள் ஒட்டியிருந்தால் பயப்பட வேண்டாம். இரவு முழுக்க வேலை பார்க்கும் 'கிரேவ்யார்ட் ஷிஃப்ட்' ஆட்கள் பகலில் தூங்குவதற்காக அப்படி ஒட்டுவார்கள். மகள் விளையாடும் நேரத்தை அவர்களிடம் ஒரு வார்த்தை பேசி வைத்துக்கொண்டால் அக்கம்பக்கம் இனிமையாக இருக்கும்.

வெயிலைப் பற்றித்தான் எனக்கு உண்மையான கவலை. நீங்கள் வந்து இறங்குவது ஜூனில். ஜூலையில் சராசரியாகவே பகல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும். 2024 ஜூலை 7 அன்று 48.9 டிகிரி பதிவானது. இந்த ஊரின் வரலாற்றிலேயே அதுதான் அதிகம். நம் ஊரில் வளர்ந்தவர்களுக்கு வெயில் புதிதல்ல, ஆனால் இது வேறு வெயில். வியர்வை தோலில் நிற்காமல் காய்ந்துவிடுவதால் உடம்பு வற்றுவதே தெரியாது. வெளியே நிறுத்திய காரின் சீட் பெல்ட் கொக்கி குழந்தையின் தொடையில் பட்டால் கொப்புளம் வரும். அதன்மேல் ஒரு துணியைப் போட்டு வைப்பது இங்கே எல்லோருக்கும் பழக்கம். வெறுங்காலோடு தார்ச்சாலையில் இறங்க விடாதீர்கள். காரில் எப்போதும் தண்ணீர் இருக்கட்டும். ஜூலை முதல் செப்டம்பர் வரை திடீர் மழையும் வரும். சாலையில் தண்ணீர் ஓடினால் அதில் காரை விடக் கூடாது.

குழாய்த் தண்ணீர் பெரும்பாலும் கொலராடோ ஆற்றின் மீட் ஏரியிலிருந்து வருகிறது. குடிக்கலாம், ஆனால் கடினத் தண்ணீர். நம் ஊர்ப் போர் தண்ணீர் மாதிரி குழாயிலும் பாத்திரத்திலும் வெள்ளை படியும். அதை மென்மையாக்கும் கருவி உள்ள வீடு கிடைத்தால் விடாதீர்கள்.

பணத்தில் நல்ல செய்தி உண்டு. நெவாடாவில் மாநில வருமான வரி கிடையாது. விற்பனை வரி 8.375 விழுக்காடு, ஆனால் சமைக்காத மளிகைப் பொருளுக்கு அது இல்லை. கார் காப்பீடு நிறைய ஆகும், அதைக் கணக்கில் வையுங்கள். குடியேறிய 30 நாளுக்குள் ஓட்டுநர் உரிமத்தையும் காரின் பதிவையும் நெவாடாவுக்கு மாற்ற வேண்டும். மோட்டார் வாகன அலுவலகத்தில் முன்பதிவு கிடைக்கத் தாமதமாகலாம், கிளம்புவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

விசாவில் இருக்கும் எல்லோருக்கும் நான் அழுத்தமாகச் சொல்வது ஒன்று உண்டு. கஞ்சா இங்கே 21 வயதானவர்களுக்குச் சட்டப்படி கடையில் கிடைக்கும். ஆனால் மத்திய அரசுச் சட்டத்தில் அது இன்னும் குற்றம், குடியேற்ற அதிகாரிகள் பார்ப்பது மத்தியச் சட்டத்தைத்தான். பயன்படுத்தியதாக ஒப்புக்கொண்டாலே அடுத்த விசா முத்திரையில் சிக்கல் வரலாம். மிட்டாயாகவும் பிஸ்கட்டாகவும் வருவதால், விருந்துகளில் யார் எதை நீட்டினாலும் என்னவென்று கேட்டுவிட்டு வாங்கச் சொல்லுங்கள்.

கடைசியாக மாமியார். அவருக்கு ஊரைச் சுற்றிக் காட்டக் கிளம்பும்போது ஞாயிறு முதல் வியாழன் வரை வைத்துக்கொள்ளுங்கள். ஸ்ட்ரிப் ஓட்டலில் ஒரு இரவு தங்குவதானால் வெள்ளி, சனியை விட அப்போது வாடகை மிகவும் குறைவு. அறை வாடகைக்கு மேல் 'ரிசார்ட் கட்டணம்' என்று ஒன்று வரும். 2025 மே மாதத்திலிருந்து அதையும் சேர்த்தே மொத்த விலையைக் காட்ட வேண்டும் என்பது சட்டம். அந்த மொத்தத்தை மட்டும் ஒப்பிடுங்கள். அறையின் சின்னக் குளிர்பெட்டியில் எதையும் எடுத்துப் பார்க்க வேண்டாம். பல ஓட்டல்களில் பொருளைத் தூக்கினாலே பில்லில் ஏறிவிடும். கேசினோ தளங்களில் இன்னும் புகைபிடிக்கலாம். அவருக்கு இழுப்பு இருந்தால் புகைக்குத் தடை உள்ள பார்க் எம்ஜிஎம் ஓட்டலைப் பாருங்கள்.

"அதோ தெரிகிறதே" என்று ஸ்ட்ரிப்பில் நடக்க ஆரம்பித்தால் அரை மணி நேரம் ஆகும். கட்டடங்கள் பெரியவை என்பதால் தூரம் தெரியாது. தட்டையான காலணி போடச் சொல்லுங்கள். நடை மேம்பாலங்களில் நின்று படம் எடுக்க வேண்டாம், 2024 முதல் அங்கே நிற்பதற்கே தடை. பெல்லாஜியோ ஓட்டலின் நீரூற்று ஆட்டமும் உள்ளே இருக்கும் பூந்தோட்டமும் இலவசம். தோட்டத்தைப் பருவத்துக்குப் பருவம் மாற்றி அமைக்கிறார்கள். நான் கூட்டிப்போன பெரியவர்கள் எல்லோரும் அதிக நேரம் நின்றது அங்கேதான். ஆசைக்கு இயந்திரத்தில் இரண்டு டாலர் போட்டு அவருக்குப் பெரிய பரிசே விழுந்தாலும், இந்தியாவிலிருந்து வந்த பயணி என்பதால் 30 விழுக்காட்டைப் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள்.

ஜூலைக்கு விமான டிக்கெட் இன்னும் எடுக்கவில்லையென்றால் அக்டோபர் கடைசிக்கு மாற்றுங்கள். வெயில் தணிந்து, ரெட் ராக் பள்ளத்தாக்கில் பெரியவர்களும் நடக்கிற மாதிரி இருக்கும். தீபாவளியை ஒட்டி அவரைக் கோயிலுக்கும் கூட்டிப்போகலாம். நவம்பரில் கார்ப் பந்தயம் நடக்கும் வாரத்தில் மட்டும் ஸ்ட்ரிப் பக்கம் போகாதீர்கள். சாலைகளை அடைத்திருப்பார்கள், அறை வாடகையும் பல மடங்கு ஏறியிருக்கும்.