புல் வெட்டும் கிழட்டு டிராக்டர்கள்: வாசகர் கேள்விகள்

கேள்வி: என்னிடம் 1949-இல் தயாரான ஃபோர்டு 8என் டிராக்டர் இருக்கிறது. பின்னால் ஐந்தடி ரோட்டரி மோவர் (பிளேடு சுற்றிப் புல் வெட்டும் கருவி) மாட்டியிருக்கிறேன். வேலி அருகே வந்து கிளட்சை மிதித்தால் வண்டி நிற்காமல் சில அடி முன்னே போகிறது. கிளட்ச் பிளேட் போய்விட்டதா, பிரேக் போய்விட்டதா?

பதில்: இரண்டும் நன்றாகத்தான் இருக்கின்றன. வண்டியைத் தள்ளுவது உங்கள் மோவர்.

8என்-இல் சக்கரத்துக்கும், எஞ்சின் சக்தியைப் பின்னால் உள்ள மோவருக்குக் கொண்டுபோகும் பி.டி.ஓ. ஷாஃப்டுக்கும் ஒரே கிளட்ச்தான். மிதித்ததும் எஞ்சின் மட்டும் விலகிக்கொள்கிறது. கியர் பெட்டியும் பி.டி.ஓ.வும் ஒன்றோடொன்று கோத்தபடியே இருக்கின்றன. வேகமாகச் சுற்றிக்கொண்டிருக்கும் கனமான பிளேடுகள் சட்டென்று நிற்குமா? அந்த வேகம் ஷாஃப்ட் வழியாகப் பின்னோக்கி வந்து கியர் பெட்டியைச் சுற்றி, சக்கரத்தையும் உருட்டுகிறது. நீங்கள் பிரேக்கை மிதிக்கும்போது டிராக்டரின் எடையோடு பிளேடுகளின் வேகத்தையும் சேர்த்து நிறுத்தப் பார்க்கிறீர்கள். கியரை நியூட்ரலுக்குத் தள்ளலாமே என்பார்கள். பல்லில் பாரம் இருக்கும்போது அது சுலபத்தில் வெளியே வராது. பள்ளத்து ஓரத்தில் அதைச் சோதித்துப் பார்க்க வேண்டாம்.

தீர்வு, ஓவர்ரன்னிங் கிளட்ச் என்ற சின்ன இணைப்பு. சைக்கிளில் பெடலை நிறுத்தினாலும் பின் சக்கரம் சுற்றுகிறதே, அதே வேலைதான். டிராக்டர் மோவரைச் சுற்றலாம், மோவர் டிராக்டரைச் சுற்ற முடியாது. வாங்கும் முன் உங்கள் பி.டி.ஓ. முனையை அளந்து பாருங்கள். 8என்-இல் முதலில் வந்தது ஒன்றேகால் அங்குலத்துக்கும் குறைவு, சரியாகச் சொன்னால் 1-1/8 அங்குலம். இப்போதைய மோவர்களுக்கு 1-3/8. இரண்டையும் இணைக்கும் வகை கிடைக்கிறது.

அதை மாட்டியதும் அப்படியே வயலில் இறக்கிவிடாதீர்கள். இணைப்பு நீளம் கூடியதால் மோவரின் ஷாஃப்ட் இப்போது நீளமாக இருக்கும். மோவரை மேலே தூக்கும்போது உள்குழாய் முழுதும் உள்ளே போய் முட்டினால் பி.டி.ஓ. பேரிங்கோ மோவரின் கியர் பெட்டியோ உடையும். எஞ்சினை நிறுத்திவிட்டு, மேலேயும் கீழேயும் வைத்து அளந்து, தேவையான அளவு வெட்டிக் குறையுங்கள். அதற்காக ரொம்பவும் குறைத்துவிடக் கூடாது. இரண்டு குழாய்களும் ஒன்றுக்குள் ஒன்று மூன்றில் ஒரு பங்காவது இருக்க வேண்டும்.

இன்னொன்று. இந்த இணைப்பு வண்டியின் தள்ளலைத்தான் நிறுத்தும், பிளேடை நிறுத்தாது. கிளட்சை மிதித்த பிறகும் பிளேடு கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டிருக்கும். அது நிற்கும்வரை இருக்கையைவிட்டு இறங்க வேண்டாம். ஷாஃப்டின் பிளாஸ்டிக் உறை கிழிந்திருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். பி.டி.ஓ. ஷாஃப்டின் வேகம் நிமிடத்துக்கு 540 சுற்று என்றால் நொடிக்கு ஒன்பது சுற்று. சட்டை நுனி சிக்கினால் கையை இழுத்துக்கொள்ள நேரமே இருக்காது.

கேள்வி: இந்தத் தொல்லையே இல்லாத பழைய டிராக்டர் எது?

பதில்: மாஸி ஃபெர்குசன் 35, அதுவும் இரட்டை கிளட்ச் உள்ளது. பெடலைப் பாதி மிதித்தால் சக்கரம் மட்டும் நிற்கும், பிளேடு ஓடிக்கொண்டே இருக்கும். முழுதும் மிதித்தால் இரண்டும் நிற்கும். அடர்ந்த புல்லில் இது பெரிய வசதி. 8என்-இல் முதல் கியரே சில இடங்களில் வேகம் அதிகம். கிளட்சை மிதித்து நிதானிக்கலாம் என்றால் பிளேடும் சேர்ந்து தளர்ந்துவிடும். போதாக்குறைக்கு அதன் ஹைட்ராலிக் பம்ப்பும் பி.டி.ஓ.வோடுதான் ஓடுகிறது, ஆகவே கிளட்சை மிதித்தபடி மோவரைத் தூக்கவும் முடியாது.

ஆனால் எல்லா 35-லும் இரட்டை கிளட்ச் கிடையாது. விற்கிறவர் சொல்வதை நம்பாமல், பெடலைப் பாதி மிதித்து நீங்களே பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.

கேள்வி: என் 8என் முக்கால் மணி நேரம் நன்றாக வெட்டுகிறது, பிறகு மூச்சு வாங்கி நின்றுவிடுகிறது. ஆறவிட்டால் மறுபடி ஓடுகிறது. கார்புரேட்டரைத் திரும்பத் திரும்பக் கழற்றிச் சுத்தம் செய்துவிட்டேன்.

பதில்: கார்புரேட்டரை விட்டுவிடுங்கள், பாவம். இப்படி நிற்கும் வண்டியில் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: தீப்பொறி வரவில்லையா, பெட்ரோல் வரவில்லையா? அதை வண்டி நின்ற அந்த நிமிடத்திலேயே பார்க்க வேண்டும். வீட்டுக்கு இழுத்துவந்து, டீ குடித்துவிட்டுப் பார்த்தால் எல்லாம் ஆறிப்போய் ஒழுங்காக வேலை செய்யும். நல்ல பிளக் ஒன்றைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். நின்றதும் அதை ஒரு பிளக் வயரில் மாட்டி, பிளக்கின் உடலை இரும்பில் படவைத்து, ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். பொறி மஞ்சளாக, மெலிதாக வந்தாலோ வரவே இல்லை என்றாலோ கோளாறு, பொறிக்கு மின்சாரம் தரும் காயில் அல்லது கண்டன்சரில். சூட்டில் காயில் உயிரைவிடுவது இந்த வண்டிகளில் சகஜம். 1950-இன் நடுவரை வந்த 8என்-களில் பிளக்குகளுக்குப் பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டர் எஞ்சினின் முன்பக்கம், காயிலோ அதன் தலையிலேயே சதுரமாக உட்கார்ந்திருக்கும். எஞ்சின் சூடு முழுக்க அதற்குத்தான். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயின்ட்டின் இடைவெளியையும் பார்த்துவிடுங்கள். முன்பக்க டிஸ்ட்ரிபியூட்டருக்கு 15 தௌ (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), பின்னால் வந்த பக்கவாட்டு வகைக்கு 25 தௌ. ஒன்றின் அளவை மற்றதற்கு வைத்துவிட்டு மாதக்கணக்கில் அல்லாடுகிறவர்கள் நிறையப் பேர்.

பொறி நீலமாகப் பளிச்சென்று வந்தால் பெட்ரோல் பக்கம் போங்கள். அதற்கு முன் பேட்டரி வயரைக் கழற்றிவிடுங்கள், சூடான எஞ்சினும் பெட்ரோலும் பக்கத்தில் இருக்கின்றன. முதலில் டாங்க் மூடியைத் திறந்து பாருங்கள். உஸ்ஸென்று காற்று உள்ளே போனால் மூடியில் உள்ள துளை அடைத்திருக்கிறது, வேலை முடிந்தது. இல்லையென்றால் கார்புரேட்டரின் அடியில் உள்ள வடிகால் திருகைக் கழற்றி, ஒரு டப்பாவில் பிடியுங்கள். சில நிமிடம் விடாமல் கம்பியாக ஓட வேண்டும். முதலில் வேகமாக வந்து பிறகு சொட்டினால் வலை அடைத்திருக்கிறது. இந்த வண்டியில் வலைகள் மூன்று: டாங்க்குக்குள் நீட்டியிருக்கும் குழாயில் ஒன்று, கண்ணாடிக் கிண்ணத்தின் மேல் ஒன்று, கார்புரேட்டருக்குள் பெட்ரோல் நுழையும் வளைவுக் குழாயில் ஒன்று. கிண்ணத்தின் வலையை எல்லோரும் கழுவுவார்கள். மற்ற இரண்டு இருப்பதே பலருக்குத் தெரியாது. உங்கள் வண்டியில் என் சந்தேகம் அந்த வளைவுக் குழாய்மேல்தான்.

கேள்வி: ஃபார்மால் கப் டிராக்டரில் வயிற்றுக்கு அடியில் மோவர். கோடையில் தண்ணீர் கொதிக்கிறது. வாட்டர் பம்ப் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை!

பதில்: தெரியாது, ஏனென்றால் அது கிடையாது. சூடான தண்ணீர் தானாக மேலே ஏறி ரேடியேட்டருக்குள் போகும், ஆறினது கீழே இறங்கி எஞ்சினுக்கு வரும். அவ்வளவுதான் ஏற்பாடு. அதனால் இதில் தண்ணீர் மட்டம் முக்கியம். மேல் ஹோஸ் சேரும் இடத்துக்குக் கீழே மட்டம் இறங்கினால் சுழற்சியே நின்றுவிடும். அப்புறம் ரேடியேட்டர் கண்களில் புல் விதை அடைத்திருக்கும். முன்னால் இருந்து ஊதினால் இன்னும் உள்ளே போகும், ஃபேன் பக்கத்தில் இருந்து வெளிப்புறமாக ஊதுங்கள். நல்ல வெட்டு நாளில் நடுவில் ஒருமுறை நிறுத்தி ஊதினாலும் தப்பில்லை.

கேள்வி: பழைய டிராக்டரின் ஆறு வோல்ட் பேட்டரியைப் பன்னிரண்டாக மாற்றிவிடலாமா?

பதில்: எதற்கு? ஆறு வோல்ட்டில் ஸ்டார்ட்டர் சோம்பலாகச் சுற்றினால் முதலில் கேபிளைப் பாருங்கள். யாரோ பன்னிரண்டு வோல்ட் கார் கேபிளைப் போட்டிருப்பார்கள். ஆறுக்கு விரல் தடிமன் கேபிள் வேண்டும், எர்த் இடத்தில் பெயின்ட்டும் துருவும் சுரண்டியிருக்க வேண்டும். 8என்-இல் பாசிட்டிவ்தான் எர்த், பேட்டரியை மாற்றும்போது மறந்துவிடாதீர்கள். இத்தனையும் செய்த பிறகும் மாற்றியே தீருவேன் என்றால் சரி, மாற்றுங்கள். ஆனால் காயிலுக்கு ரெசிஸ்டர் வைக்காமல் மாற்றினால் மேலே சொன்ன சூட்டுக் கதை உங்கள் வீட்டுக்கும் வரும்.

கேள்வி: அப்பா ஓட்டிய ஃபெர்குசன் டி.ஈ.20-ஐ நான் ஓட்டுகிறேன். எங்கள் நிலம் சரிவு. "அப்பா காலத்தில் இதெல்லாம் ஏது?" என்று கேட்டு, வண்டி கவிழ்ந்தால் ஓட்டுகிறவரைக் காக்கும் இரும்புச் சட்டம் வேண்டாம் என்கிறார் அண்ணன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

பதில்: வேண்டும் அம்மா. அண்ணனிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். டி.ஈ.20 1946-இல் இருந்து 1956 வரை இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் தயாரானது. புதிய டிராக்டர்களில் இந்த இரும்புச் சட்டம் கட்டாயம் என்று ஸ்வீடன் சொன்னதே 1959-இல்தான். அப்பா காலத்தில் இல்லைதான், கவிழ்ந்து செத்தவர்களும் அந்தக் காலத்தில்தான் இருந்தார்கள்.

உங்கள் மாடலுக்கென்று சோதித்துச் செய்த சட்டமாக வாங்குங்கள். பட்டறையில் குழாயை வளைத்து வெல்டிங் வைப்பது பார்க்கத்தான் அழகு, கவிழும்போது அது மடங்கும். சீட் பெல்ட் சட்டத்தோடு சேர்ந்துதான் வர வேண்டும், சட்டம் இல்லாத வண்டியில் பெல்ட் கட்டக் கூடாது. சரிவுக்குக் குறுக்கே வெட்டாதீர்கள். பின்னால் மோவர் தொங்கும்போது முன்சக்கரம் இலேசாகிவிடும், முன்னால் எடை மாட்டுங்கள். மிகவும் செங்குத்தான பகுதியைக் கைக்கருவிக்கு விட்டுவிடுங்கள்.

ஒரு சின்ன விஷயம். டி.ஈ.20-இல் கியர் கம்பியை நகர்த்தித்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும், கியரில் இருக்கும்போது ஸ்டார்ட் ஆகாது. அருமையான யோசனை அது. அதைத் தாண்டி யாராவது தனியாக ஒரு பட்டன் வைத்திருந்தால் இன்றே பிடுங்கி எறியுங்கள்.

கேள்வி: 8என்-இன் கியர் ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருக்கிறது. எஞ்சினில் இருந்து தண்ணீர் இறங்குகிறதா?

பதில்: இல்லை. கியர் கம்பியின் அடியில் உள்ள ரப்பர் உறையைப் பாருங்கள், கிழிந்திருக்கும். மழை அங்கே இறங்குகிறது. கியர் பெட்டி, பின் ஆக்ஸில், ஹைட்ராலிக் மூன்றுக்கும் அதே ஆயில்தான், அதனால் மோவரைத் தூக்கும் பம்ப்பும் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறது. கொஞ்ச நேரம் ஓட்டிச் சூடாக்கி வடியுங்கள். வடிகால் திருகுகள் மூன்று, மூன்றையும் திறக்க வேண்டும். ஒன்றை மட்டும் திறந்தால் பாதித் தண்ணீர் உள்ளேயே தங்கிவிடும். புது உறை போட்ட பிறகு புது ஆயில், அந்த வரிசையில்.