க்ளாம்ப் மீட்டரில் (ஒயரைக் கவ்வி அதில் ஓடும் கரண்ட்டை அளக்கும் கருவி) ஏசி கேபிளைக் கவ்வினால் 0.00 காட்டுகிறது. மீட்டர் பழுதா, திருப்பி அனுப்பலாமா?

அனுப்பாதீர்கள். மீட்டர் சரியாகத்தான் காட்டுகிறது. நீங்கள் முழு கேபிளையும் சேர்த்துக் கவ்வியிருப்பீர்கள்.

அந்த உறைக்குள் பேஸ், நியூட்ரல், எர்த் மூன்றும் இருக்கின்றன. பேஸில் 7 ஆம்பியர் போனால் நியூட்ரலில் அதே 7 திரும்பி வரும். இரண்டின் காந்தப்புலமும் ஒன்றையொன்று அழித்துவிடும். மீட்டர் அளப்பதே அந்தப் புலத்தைத்தான். அதனால் ஒரே ஒரு ஒயரைக் கவ்வ வேண்டும்: பேஸ் அல்லது நியூட்ரல்.

ஒற்றை ஒயர் டிபி பெட்டிக்குள் (வீட்டுக்கு வரும் மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் பெட்டி) கிடைக்கும். ஆனால் அதைத் திறக்கும் முன் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: மெயின் சுவிட்சை ஆஃப் செய்தாலும் அதற்குள் நுழையும் முனைகளில் 230 வோல்ட் இருந்துகொண்டேதான் இருக்கும். மோதிரம், வாட்ச், வளையல் எல்லாம் கழற்றிவிட்டு, கை உலர்ந்திருக்க, ரப்பர் செருப்போடு நில்லுங்கள். ஏசியின் எம்சிபியிலிருந்து (கரண்ட் அதிகமானால் தானே கட் ஆகும் சுவிட்ச்) வெளியே போகும் ஒயரில் இன்சுலேஷன் முழுதாக இருக்கும் இடமாகப் பார்த்துக் கவ்வுங்கள். வெறும் செம்பு தெரியும் இடத்துக்கும் பஸ்பாருக்கும் (எம்சிபிகளை இணைக்கும் உலோகப் பட்டை) பக்கத்தில் போகவே வேண்டாம். மீட்டரின் கைப்பிடியில் ஒரு தடுப்பு மேடு இருக்கும். விரல் அதைத் தாண்டக் கூடாது. ஒயர் நெருக்கமாக இருந்து மீட்டரின் கவ்வும் வாய் நுழையவில்லை என்றால் இழுத்து வளைக்காதீர்கள், முனை கழன்று வரும். பெட்டிக்குள் கை விட்டுப் பழக்கமில்லாதவர் இதை எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுவதே நல்லது.

இன்னொரு வழி, 16 ஆம்பியர் பிளக்கும் சாக்கெட்டும் வைத்த ஒரு சின்ன எக்ஸ்டென்ஷன். 2.5 சதுர மில்லிமீட்டர் மூன்று கோர் கேபிளில் வெளி உறையை மட்டும் 15 சென்டிமீட்டர் நீளத்துக்கு நீக்கினால் மூன்று ஒயரும் தனித்தனியாக நிற்கும். உள் இன்சுலேஷனில் கத்தி பட்டிருந்தால் அந்தக் கேபிளைத் தூக்கிப் போடுங்கள். "உறையை வெட்டச் சொல்கிறாயே" என்று யாராவது வருவார்கள். இது அளக்கும் ஐந்து நிமிடத்துக்கு மட்டும், நிரந்தரமாக மாட்டிவைக்க அல்ல. அதுவும் பிடிக்காதவர்கள் இதே வேலையைச் செய்யும் லைன் ஸ்ப்ளிட்டர் என்று ரெடிமேடாகக் கேட்டு வாங்கலாம்.

தவறான அளவு வரக் காரணங்கள் சில. வாயின் இரு முனைகளுக்கு நடுவே தூசியோ துருவோ இருந்து முழுதாக மூடாவிட்டால் குறைவாகக் காட்டும். ஹோல்ட் பட்டன் தெரியாமல் அழுந்தியிருந்தால் பழைய எண்ணே நிற்கும். பேட்டரி இறங்கினாலும் அளவு பொய்யாகும். இன்வெர்ட்டர் ஏசிக்கு, கரண்ட்டின் அலை சீராக இல்லாவிட்டாலும் சரியாக அளக்கும் ட்ரூ ஆர்எம்எஸ் மீட்டர்தான் சரி. சாதா மீட்டர் அந்த அலையில் குறைத்துக் காட்டலாம். சோலார், பேட்டரி ஒயர்களில் ஓடுவது டிசி, அதாவது ஒரே திசையில் ஓடும் கரண்ட். திசை மாறி மாறி ஓடும் ஏசி கரண்ட்டை (இந்த ஏசி குளிர்விக்கும் ஏசி அல்ல) மட்டும் அளக்கும் மீட்டரில் அங்கே 0 தான் வரும்.

சர்வீஸுக்கு வருகிறவர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கவ்விப் பார்த்து 3 ஆம்பியர் வந்ததும் "கேஸ் இல்லை சார்" என்று சிலிண்டரை எடுப்பவர்கள் உண்டு. கேஸ் குறைந்தால் ஆம்பியர் குறையும், உண்மைதான். ஆனால் இன்வெர்ட்டர் ஏசியில் அறை குளிர்ந்ததும் கம்ப்ரசர் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அப்போதும் குறையும். அழுத்தம் பார்க்காமல், உள்ளே போகும் காற்றுக்கும் வரும் காற்றுக்கும் எவ்வளவு வெப்பநிலை வித்தியாசம் என்று பார்க்காமல், ஆம்பியரை மட்டும் வைத்துச் சொன்னால் பணம் கொடுக்காதீர்கள். எல்லோரும் அப்படி இல்லை, தெரியும்.

மீட்டர் மேல் இன்னும் சந்தேகம் இருந்தால் அந்த எக்ஸ்டென்ஷனில் 1000 வாட் இஸ்திரிப் பெட்டியைச் செருகி, பேஸ் ஒயரை மட்டும் கவ்வுங்கள். 230 வோல்ட்டில் 4.3 ஆம்பியருக்குப் பக்கமாக வரும். உங்கள் தெருவில் 210 தான் வருகிறது என்றால் 4. நடுவில் திடீரென்று 0 ஆனால் பதற வேண்டாம், தெர்மோஸ்டாட் கட் ஆகியிருக்கும்.