காலேஜுக்கு முன் தொண்டு: பெற்றோரும் பிள்ளைகளும் கேட்டவை

அமெரிக்காவில் ஹைஸ்கூல் படிக்கும் நம் பிள்ளைகளின் தன்னார்வத் தொண்டு பற்றிக் கேள்விகளை அனுப்பச் சொல்லியிருந்தேன். 11 வருடமாக, இல்லாதவர்களுக்கு இலவசமாக உணவுப் பொருள் தரும் எங்கள் ஊர் உணவு வங்கியில் சனிக்கிழமை வாலண்டியர்களைப் பார்த்துக்கொள்கிறேன். தொண்டு நேரத் தாளில் கையெழுத்துக்காக வந்த பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன், கையெழுத்து வாங்கிய பிறகும் வந்துகொண்டே இருந்த பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன். வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன்.

கேள்வி (9-ஆம் வகுப்புப் பையனின் அம்மா, நியூ ஜெர்சி): அக்கா, மொத்தம் எத்தனை மணி நேரம் இருந்தால் நல்ல காலேஜ் கிடைக்கும்? ஒருத்தர் 200 என்கிறார், இன்னொருத்தர் 500 என்கிறார்.

அப்படி ஒரு கணக்கே கிடையாதும்மா. காலேஜ்கள் இத்தனை மணி என்று எங்கும் கேட்பதில்லை. கணக்குக் கேட்பது வேறு இடங்கள். மேரிலாந்தில் ஸ்கூல் முடிக்க 75 மணி நேரத் தொண்டு வேண்டும், அல்லது மாவட்டமே வகுத்த அதற்கு ஈடான திட்டத்தை முடிக்க வேண்டும். 1992-இல் இதை முதலில் கட்டாயமாக்கிய மாநிலம் அதுதான். வாஷிங்டன் டி.சி.யில் 100 மணி. ஃப்ளோரிடாவில் பிரைட் ஃப்யூச்சர்ஸ் உதவித்தொகையின் மேல்படிக்கு 100, அடுத்த படிக்கு 75. இப்போது அங்கே தொண்டுக்குப் பதிலாகச் சம்பள வேலையைக் காட்டவும் வழி இருக்கிறது. உங்கள் ஸ்கூலுக்கு விதி ஏதும் உண்டா என்று அங்கே மாணவர்களுக்கு ஆலோசனை சொல்லும் கவுன்சிலரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

காலேஜ் பார்ப்பது வேறு. பல காலேஜ்களுக்கு ஒரே படிவமாக அனுப்பும் காமன் ஆப் விண்ணப்பத்தில் 10 செயல்பாடுகளுக்குத்தான் இடம். ஒவ்வொன்றையும் விவரிக்க இடைவெளியும் சேர்த்து 150 எழுத்து. பக்கத்திலேயே வாரத்துக்கு எத்தனை மணி, வருடத்துக்கு எத்தனை வாரம், எந்தெந்த வகுப்பில் செய்தாய் என்று கேட்பார்கள். வாரம் 3 மணி வீதம் 40 வாரம் போனாலும் 120 மணிதான், ஒரே கோடையில் மூன்று வாரம் முழுநாளும் போனாலும் 120 மணிதான். ஆனால் படிக்கிறவருக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியாது. உங்கள் பையன் ஒரு சனிக்கிழமை போகாவிட்டால் அங்கே யாராவது "எங்கே அந்தப் பையன்?" என்று கேட்பார்களா? நான் வைக்கும் அளவுகோல் அது ஒன்றுதான்.

கேள்வி (மாணவன், 14 வயது, டெக்சாஸ்): ஆன்ட்டி, எங்கே கேட்டாலும் 16 வயது ஆகணும் என்கிறார்கள். நான் எங்கே போவது?

உண்மைதான் தம்பி. வீடு கட்டித் தரும் ஹேபிடாட் ஃபார் ஹியூமானிட்டியில் கட்டுமான இடத்துக்குப் போகவே 16 ஆக வேண்டும், மின்கருவிகளைத் தொடவும் கூரை ஏறவும் 18. ஆஸ்பத்திரிகளும் பெரும்பாலும் 14, 15, 16 என்று ஆளுக்கொரு எல்லை வைத்திருக்கும். அதனால் முதலில் பொது நூலகத்துக்குப் போ. கோடை வாசிப்புத் திட்டம் தொடங்கும்போது சின்னப் பிள்ளைகளின் பெயர் எழுத, பரிசு கொடுக்க, புத்தகம் அடுக்க அவர்களுக்கு ஆள் வேண்டும். பல நூலகங்களில் பதின்ம வயதினருக்கென்றே ஆலோசனைக் குழுவும் இருக்கும். உணவு வங்கிகளில் பெற்றோர் கூட வந்தால் 14-க்குக் கீழேயும் சேர்க்கும் இடங்கள் உண்டு. உங்கள் ஊர்த் தமிழ்ப் பள்ளியில் மழலை வகுப்புக்கு உதவியாளர் வேண்டுமா என்றும் கேள். அங்கே எப்போதும் ஆள் பற்றாக்குறைதான்.

வீட்டை விட்டுப் போகாமலே செய்யக்கூடிய ஒன்றும் இருக்கிறது. யாரும் சொல்வதில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 1997 ஜூலையில் கொலராடோவின் ஃபோர்ட் காலின்ஸில் பெருவெள்ளம் வந்தது. ஊரின் ஒரு பக்கம் கொட்டித் தீர்த்த மழை மறுபக்கம் அவ்வளவு இல்லை. எங்கே எவ்வளவு பெய்கிறது என்று அந்த நேரத்தில் சொல்லப் போதுமான மழைமானிகள் இல்லை. அதன் பிறகு 1998-இல் தொடங்கியதுதான் கோகோராஸ் (CoCoRaHS) என்ற, தன்னார்வலர்கள் மழையை அளந்து பதியும் அமைப்பு. தோட்டத்தில் 4 அங்குல விட்டமுள்ள பிளாஸ்டிக் மழைமானியை நட்டு, தினமும் காலை 7 மணி வாக்கில் ஓர் அங்குலத்தில் நூறில் ஒரு பங்கு வரை அளந்து பதிய வேண்டும். மழை இல்லாத நாளிலும் பூஜ்யம் என்று பதிய வேண்டும், அதுதான் முக்கியம். பதியாமல் விட்டால் மழை இல்லையா, நீ தூங்கிவிட்டாயா என்று யாருக்கும் தெரியாது. தேசிய வானிலைச் சேவை இந்த அளவுகளைப் பயன்படுத்துகிறது. எங்கள் தெருவில் ஒரு பெண் மூன்று வருடமாகச் செய்கிறாள். பள்ளிப் பேருந்து வருவதற்கு முன்னால், ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, குழாயைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து நீர்மட்டத்தின் அடிவளைவைப் படிப்பாள். 9-ஆம் வகுப்பில் இதைத் தொடங்குகிறவனுக்கு விண்ணப்பிக்கும் நேரத்தில் மூன்று வருட மழைக்கணக்கு கையில் இருக்கும். மணிக்கணக்குத் தாளில் இது பெரிதாக ஏறாது. ஆனாலும் செய்.

கேள்வி (ஓர் அம்மா, இல்லினாய்): கோடையில் வெளிநாட்டுக்கு அழைத்துப் போய் இரண்டு வாரம் தொண்டு செய்ய வைக்கும் திட்டங்களுக்கு நிறையப் பணம் கேட்கிறார்கள். விண்ணப்பத்தில் எடுப்பாக இருக்குமா?

இருக்காது. 2016 ஜனவரியில் ஹார்வர்டு கல்வியியல் பள்ளியின் ஒரு திட்டம் காலேஜ் சேர்க்கை பற்றி அறிக்கை வெளியிட்டது. பல காலேஜ்களின் சேர்க்கை அதிகாரிகள் அதை ஆமோதித்தார்கள். தூரதேசப் பயணத்தை விட, தன் ஊரில் தொடர்ந்து, மனமொப்பிச் செய்யும் வேலைதான் பெரிது என்று அதில் வெளிப்படையாகவே இருக்கிறது. பிள்ளைக்கு உலகம் பார்க்க ஆசையென்றால் சுற்றுலாவாகவே கூட்டிப் போங்கள், நல்லதுதான்.

கேள்வி (ஓர் அப்பா, கலிஃபோர்னியா): மகள் 10-ஆம் வகுப்பு. அவள் பெயரில் 501 சி 3 (வரிவிலக்குள்ள தொண்டு நிறுவனம்) அமைப்பு ஒன்றைப் பதிவு செய்து கொடுத்தால் தலைமைப் பண்பு தெரியுமல்லவா?

ஐயா, மனசில் பட்டதைச் சொல்கிறேன். இப்படித் தொடங்கிய அமைப்புகளில், பிள்ளை காலேஜ் போன பிறகும் உயிரோடு இருப்பது ஒன்றைக்கூட நான் பக்கத்தில் பார்த்ததில்லை. பதிவு, வரித்தாக்கல், கணக்கு எல்லாம் அப்பா தலையில்தான் விழும். விண்ணப்பம் படிப்பவர்களுக்கும் அது தெரியாமல் இல்லை.

எங்களிடம் வந்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். 10-ஆம் வகுப்பில் சேர்ந்தபோது அவளுக்குக் கொடுத்த வேலை, தேதி கடந்த டப்பாக்களைப் பிரிப்பது. ஐந்தாறு வாரம் கழித்து என்னிடம் வந்து, "ஆன்ட்டி, பருப்புப் பை மட்டும் ஏன் அப்படியே கிடக்கு?" என்று கேட்டாள். நான் அத்தனை வருடம் அங்கே நின்றிருக்கிறேன், எனக்குத் தோன்றவில்லை. வாங்க வந்தவர்களிடம் அவளே கேட்டாள். டப்பாவில் வெந்த பீன்ஸைத்தான் அவர்களுக்குத் தெரியும். காய்ந்த பயறை எவ்வளவு நேரம் ஊறப்போடுவது, எவ்வளவு தண்ணீர் வைப்பது என்று பலருக்குத் தெரியவில்லை. அவள் பாட்டியிடம் கேட்டு, ஒரு சின்ன அட்டையில் ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் நான்கு வரி எழுதி, கிண்ணம், தண்ணீர், கடிகாரம் என்று படம் வரைந்து, ஒவ்வொரு பையிலும் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டினாள். ஸ்பானிஷை அவள் ஸ்கூல் டீச்சர் திருத்திக் கொடுத்தார். இரண்டு மாதத்தில் பருப்பு அலமாரி காலியாக ஆரம்பித்தது. அந்த அட்டையை இன்றும் அச்சடித்துக் கட்டிக்கொண்டிருக்கிறோம், அவள் காலேஜ் முடித்தே விட்டாள்.

கலிஃபோர்னியா பல்கலைக்கழக விண்ணப்பத்தில் எட்டுக் கேள்வியில் நான்குக்கு, ஒவ்வொன்றும் 350 சொல்லுக்குள், பதில் எழுத வேண்டும். அதில் ஒன்று, உன் ஸ்கூலையோ சமூகத்தையோ மேம்படுத்த என்ன செய்தாய் என்பது. அவள் அந்த அட்டையைப் பற்றித்தான் எழுதினாள். அவளிடம் பதிவெண் எதுவும் இல்லை ஐயா.

கேள்வி (பெயர் வேண்டாம் என்றவர்): நாங்கள் எச்-1பி வேலை விசாவில் இருக்கிறோம், பிள்ளை எங்களைச் சார்ந்த எச்-4 விசாவில். தொண்டு செய்தால் விசாவுக்குச் சிக்கல் வருமா?

உணவு வங்கி, நூலகம், பள்ளி போன்ற இடங்களில், யார் வந்தாலும் சம்பளமில்லாமல் செய்யும் வேலையைச் செய்வதில் சிக்கல் இல்லை. கம்பெனியில் "சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப்" என்று சொல்வதில்தான் கவனம் வேண்டும். மற்றவர் சம்பளம் வாங்கிச் செய்யும் வேலையைச் சும்மா செய்தாலும் அதைத் தொண்டு என்று கொள்ள முடியாது. அப்படி ஒன்று வந்தால் வக்கீலிடம் கேட்காமல் இறங்காதீர்கள்.

சில வாய்ப்புகள் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும் மட்டும். கலிஃபோர்னியாவில் 16 வயது மாணவர்கள் தேர்தல் நாளில் வாக்குச்சாவடியில் வேலை செய்யலாம். அதற்கு இந்த நிபந்தனை உண்டு, ஜிபிஏ (மதிப்பெண் சராசரி) 2.5-உம் வேண்டும். ஜனாதிபதி பெயரில் தரப்பட்டுவந்த தன்னார்வ விருதுக்கும் குடிமக்களாகவோ கிரீன் கார்டு உள்ளவர்களாகவோ இருக்க வேண்டியிருந்தது, 2025-இல் அந்த விருதையே நிறுத்திவைத்துவிட்டார்கள். பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மணிக்கணக்கெல்லாம் சேர்த்த பிறகு தெரியவந்தால் மனசு உடைந்துபோகும்.

கேள்வி (மாணவன், 11-ஆம் வகுப்பு): அம்மா, அப்பா இரண்டு பேருக்கும் ஷிஃப்ட் வேலை. ஸ்கூல் விட்டு வந்ததும் தங்கச்சியைப் பார்த்துக்கணும், பாட்டிக்கு மாத்திரை கொடுக்கணும், சாப்பாடு சூடு பண்ணணும். வாலண்டியர் பண்ண நேரமே இல்லை. விண்ணப்பத்தில் காலியாக விடவா?

விடாதே கண்ணா. காமன் ஆப்பில் செயல்பாட்டு வகைகளில் "குடும்பப் பொறுப்புகள்" என்றே ஒன்று இருக்கிறது. அதைத் தேர்ந்தெடு. வாரம் எத்தனை மணி என்று உட்கார்ந்து கூட்டிப் பார், உனக்கே ஆச்சரியமாக இருக்கும். மூன்று மணியிலிருந்து ஏழு மணி வரை என்றால் வாரத்துக்கு 20 மணி. நான் மேலே சொன்ன 2016 அறிக்கையும் வீட்டைத் தாங்கும் பிள்ளைகளின் உழைப்பைத் தொண்டுக்குச் சமமாக மதிக்கச் சொல்கிறது. பாட்டிக்கு எந்த மாத்திரை எந்த வேளை என்று நினைவு வைத்துக் கொடுப்பதையும் அந்த 150 எழுத்துக்குள் எழுது. ஸ்கூலின் தொண்டு நேரத் தாளில் மட்டும் பெரும்பாலும் வீட்டு வேலையை ஏற்கமாட்டார்கள். அங்கே விதி இருந்தால் உன் நிலைமையைக் கவுன்சிலரிடம் நேராகச் சொல். அவர் காலேஜுக்கு எழுதும் கடிதத்திலும் அது இடம் பெறும். இதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை.

கேள்வி (மாணவி, 11-ஆம் வகுப்பு): டாக்டருக்குப் படிக்க ஆசை. ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். கையுறைப் பெட்டி நிரப்புவதும் சக்கர நாற்காலி தள்ளுவதும்தான் வேலை. இதில் என்ன இருக்கிறது?

நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் இருக்கிறார். வீட்டுக்குப் போகிறவரை வாசல் வரை தள்ளிப் போகும் அந்த ஐந்து நிமிடத்தில் அவர் என்ன பேசுகிறார், எதற்குப் பயப்படுகிறார் என்று கேள். அதை எழுதும்போது பெயரோ அடையாளமோ வேண்டாம், படம் எடுக்கவே கூடாது. 1996-இல் வந்த ஹிப்பா சட்டம் நோயாளியின் அந்தரங்கத்தைக் காக்கிறது, அதை வாலண்டியர்களும் மதித்தாக வேண்டும். ஆறு மாதம் கழித்தும் பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடு, டாக்டராக ஒன்றும் தடையாகாது.

கேள்வி (ஓர் அம்மா, ஜார்ஜியா): கோவிலில் செய்யும் சேவை கணக்கில் வருமா? தெரிந்தவர் கடையில் உதவுவது?

கோவிலில் ஊருக்கெல்லாம் சாப்பாடு போடுவது, பாத்திரம் கழுவுவது, வண்டி நிறுத்தம் பார்ப்பது இவற்றைப் பல ஸ்கூல்கள் ஏற்கும். வழிபாடும் மத வகுப்பும் பல இடங்களில் சேராது. காலேஜ் விண்ணப்பத்தில் இரண்டையும் எழுதலாம். கடை வேறு. லாபத்துக்கு நடக்கும் இடத்தில் சும்மா வேலை செய்வதை இந்த நாட்டுத் தொழிலாளர் சட்டமே பொதுவாகத் தொண்டாக ஏற்பதில்லை. சம்பளம் கொடுத்தால் வாங்கிக்கொண்டு செய்யட்டும், அதுவும் விண்ணப்பத்தில் மதிப்புள்ள வரிதான்.

கேள்வி (ஓர் அப்பா, வர்ஜீனியா): கணக்கு எப்படி வைத்துக்கொள்வது?

அன்றைக்கே கையெழுத்து வாங்க வேண்டும். ஒரு பையன் இரண்டு வருடம் ஓர் இடத்தில் உழைத்துவிட்டு 12-ஆம் வகுப்பில் கடிதம் கேட்கப் போனான். பொறுப்பாளர் மாறியிருந்தார், பழைய பதிவேடு இல்லை. என் முன்னால் உட்கார்ந்து அழுதான். ஒரு சின்ன நோட்டு போதும். தேதி, நேரம், பொறுப்பாளர் பெயர், மின்னஞ்சல், கையெழுத்து. அதன் கீழே, அன்று பார்த்தது ஏதாவது இரண்டு வரி. பின்னால் எஸ்ஸே எழுத உட்காரும்போது அந்த இரண்டு வரிதான் கைகொடுக்கும்.

கேள்வி (மாணவி, 12-ஆம் வகுப்பு தொடங்குகிறாள்): ஆகஸ்ட் வந்துவிட்டது. இதுவரை எதுவுமே செய்யவில்லை. முன்தேதி போட்டு எழுதித் தர ஒருவர் தயார் என்கிறார்.

வேண்டாம்மா. எழுதியதெல்லாம் உண்மை என்று நீயே கையெழுத்துப் போட்டுத்தான் விண்ணப்பத்தை அனுப்புகிறாய். பொய் வெளியே வந்தால் கிடைத்த இடமும் போகும். நீ வேறென்ன செய்தாய்? பாட்டு, பகுதிநேர வேலை, தம்பிக்குக் கணக்கு, எல்லாமே அந்த 10 இடத்தில் சேரும். தொண்டு செய்ய இப்போதும் ஆசை இருந்தால் இந்த வாரமே தொடங்கு. 12-ஆம் வகுப்பு என்று மட்டும் குறி, காலேஜிலும் தொடர நினைக்கிறேன் என்று குறிக்கவும் அங்கே கட்டம் உண்டு. முன்கூட்டிய விண்ணப்பங்கள் பல நவம்பர் 1-இல் முடிகின்றன, அதனால் இரண்டு மாதக் கணக்குதான் இருக்கும். இருக்கட்டும்.

கேள்வி (மாணவி, 9-ஆம் வகுப்பு): மின்னஞ்சல் அனுப்பினால் யாரும் பதிலே போடுவதில்லை.

"எனக்கு ஹவர்ஸ் வேண்டும்" என்று தொடங்கியிருப்பாய். அதை எடுத்துவிட்டு இப்படி எழுதிப் பார்: "எனக்கு 14 வயது. சனிக்கிழமை காலை 9 முதல் 12 வரை, மே மாதம் வரை வர முடியும். தமிழ் பேசுவேன், ஸ்பானிஷ் கற்றுக்கொண்டிருக்கிறேன், பெட்டி தூக்கத் தயங்கமாட்டேன். எந்த வேலை தங்கிக் கிடக்கிறதோ அதைக் கொடுங்கள்." ஒரு வாரம் பார். பதில் இல்லையென்றால் போன் செய், அம்மாவைப் பேசவிடாமல் நீயே பேசு. அதற்கும் பதில் இல்லையென்றால் நேரில் போய் நில். எங்கள் இடத்தில் பாதிப் பேர் அப்படி வந்தவர்கள்தான். திறந்த காலணி மட்டும் போட்டுக்கொண்டு போகாதே, கிடங்குக்குள் விடமாட்டார்கள்.