மூன்று படிக்கு எத்தனை அடி சாய்தளம்?
வாசகர் கேள்வி – பதில்

வரலாற்று அருங்காட்சியகங்களில் மாற்றுத்திறனாளிகளுக்கான வசதிகள் பற்றி வந்த கேள்விகளில் ஆறு இந்த இதழில் இடம்பெறுகின்றன.

எங்கள் ஊர் வரலாற்றுக்கூடம் ஒரு பழைய வீட்டில் நடக்கிறது. வாசலில் மூன்று கருங்கல் படி. வெல்டிங் பட்டறையில் எட்டடி நீளத்துக்கு இரும்புச் சாய்தளம் செய்து போட்டோம். வீல்சேரில் வருபவர்களை இரண்டு பேர் பிடித்துத் தள்ளினால்தான் ஏறுகிறது. எங்கே தப்பு? – அறக்கட்டளை நிர்வாகி, கும்பகோணம்

நீளத்தில்தான் தப்பு. மூன்று படி என்றால் ஏறக்குறைய 45 செ.மீ. உயரம். சாய்தளத்துக்கான கணக்கு 1:12. ஒரு செ.மீ. ஏற 12 செ.மீ. நீளம் வேண்டும். உங்களுக்குத் தேவை 5.4 மீட்டர், அதாவது 18 அடி. எட்டடியில் முடித்ததால் சரிவு 1:5க்குப் பக்கத்தில் வந்துவிட்டது. இறங்கும்போது நாற்காலி முன்பக்கம் கவிழக்கூட வாய்ப்புண்டு. 1:12 என்பதும் கடைசி வரம்புதான். தன் கையாலேயே சக்கரத்தைத் தள்ளி ஏறுபவருக்கு 1:15 இதம். அதற்கு 22 அடி ஆகும்.

தெருவரை அவ்வளவு இடம் இல்லையென்றால் நேராகப் போட வேண்டாம். திண்ணைச் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் ஏற்றி, திரும்பும் இடத்தில் 1.5 மீட்டருக்கு 1.5 மீட்டர் சமதளம் விடுங்கள். மேலே கதவுக்கு முன்பும் அதே அளவு சமதளம் வேண்டும். பலரும் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். சரிவு நேராகப் போய் வாசலில் முட்டினால், கதவைத் தள்ள ஒரு கையை எடுத்ததுமே நாற்காலி பின்னால் உருளும்.

அடுத்தது நிலைப்படி. பழைய வீடுகளில் வாசக்காலின் அடிக்கட்டை நாலு விரல் உயரத்துக்கு நிற்கும். முன்பக்கச் சின்னச் சக்கரம் ஒரு செ.மீ. மேட்டிலேயே தடுக்கும் என்பதால், 18 அடி சரியாகக் கட்டியும் இந்தக் கட்டையில் வந்து நிற்பார்கள். நிலையை அறுக்க வேண்டியதில்லை. வெளியே உள்ள சமதளத்தை நிலைப்படியின் மட்டத்துக்கு உயர்த்தி, உள்பக்கம் இறங்க மரச் சாய்வுக்கட்டை வையுங்கள். உயரம் கூடினால் சாய்தளத்தின் நீளமும் கூடும். அளவெடுக்கும்போதே அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரு பக்கமும் கைப்பிடி, 76 செ.மீ. உயரத்தில் ஒன்று, 90 செ.மீ. உயரத்தில் ஒன்று. சக்கரம் வழுக்கி விழாதபடி ஓரத்தில் சிறு விளிம்பு. செக்கர்டு பிளேட் (மேல்புறம் மேடு வரிகள் உள்ள இரும்புத் தகடு) சித்திரை வெயிலில் சுடும், மழையில் வழுக்கும். பாலிஷ் போட்ட கிரானைட் அதைவிட மோசம். துடைப்பத்தால் கீறி முடித்த சிமெண்டுத் தளமே மேல். கருங்கல் படியை உடைக்காமல், துளையும் போடாமல், தனியாக நிற்கும் சட்டமாகச் செய்தால் நாளைக்குக் கழற்றலாம். கட்டடம் பாதுகாக்கப்பட்ட சின்னமாக இருந்தால் தொல்லியல் துறை அனுமதியில்லாமல் ஓர் ஆணிகூட அடிக்க முடியாது. மத்தியப் பட்டியலில் இருப்பவற்றுக்கு 1958ஆம் ஆண்டுச் சட்டம், மாநிலப் பட்டியலுக்கு 1966ஆம் ஆண்டுச் சட்டம்.

சாய்தளத்தின் அடிவாரத்தில் பைக் நிறுத்தாமல் பார்த்துக்கொள்வது காவலாளியின் வேலைப் பட்டியலில் எழுத்தில் இருக்கட்டும்.

அப்பாவை வீல்சேரில் அழைத்துப் போகிறேன். போனில் கேட்டால் எல்லா இடத்திலும் “எல்லா வசதியும் இருக்கும்மா, வாங்க” என்கிறார்கள். போனால் கதை வேறு. என்ன கேட்க வேண்டும்? – வாசகி, மதுரை

“வசதி இருக்கா?” என்று கேட்டால் “இருக்கு” என்றுதான் பதில் வரும். எண்ணிச் சொல்ல வேண்டிய கேள்வியாகக் கேளுங்கள். வாசலிலிருந்து முதல் கூடம்வரை எத்தனை படி? கதவு எத்தனை அங்குலம்? லிஃப்ட் இன்று ஓடுகிறதா, சாவி யாரிடம்?

அதற்கு முன் அப்பாவின் நாற்காலியைக் கைப்பிடி வளையத்தோடு சேர்த்து அளந்து வையுங்கள். மடக்கு நாற்காலிகள் பெரும்பாலும் 62 முதல் 68 செ.மீ. வரும். பழைய கட்டடங்களின் இரட்டைக் கதவில் ஒரு பலகையைத் தாழ்ப்பாள் போட்டு வைத்திருப்பார்கள்; திறந்த பக்கம் 55 செ.மீ.தான் இருக்கும். “இரண்டு பலகையையும் திறந்து வைப்பீர்களா?” என்று கேட்டாலே பாதிச் சிக்கல் தீரும்.

கழிப்பறைக்குத் தனியாக ஒரு கேள்வி: வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பச் சொல்லுங்கள். துடைப்பமும் வாளியும் அடுக்கிய அறையா, கதவு உள்பக்கமாகத் திறந்து இடத்தை அடைக்கிறதா, பீங்கானுக்குப் பக்கத்தில் நாற்காலி நிற்க 90 செ.மீ. இடம் இருக்கிறதா, பிடிகம்பி சுவரில் உறுதியாக நிற்கிறதா என்பதெல்லாம் படத்திலேயே தெரிந்துவிடும்.

பார்வையற்ற மாணவர்களை அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் சென்றால் “தொடாதீர்கள்” என்று தடுக்கிறார்கள். அவர்களுக்கு வேறு எப்படித்தான் காட்டுவது? – ஆசிரியர், திருச்சி

தடைக்குக் காரணம் உண்டு. வியர்வையில் இருக்கும் உப்பிலுள்ள குளோரைடு, ஈரப்பதத்தோடு சேர்ந்து வெண்கலத்தைப் பச்சைத் தூளாக அரிக்கும். கல்லில் கைப்பிசுக்கு ஊறிக் கறுக்கும். ஆனால், தடுத்து அனுப்புவதோடு வேலை முடிந்தது என்று இருப்பதை ஏற்க முடியாது. டெல்லி தேசிய அருங்காட்சியகம் 2015இல் ‘அனுபவ்’ என்ற தொடுகைக் கூடத்தைத் திறந்தது. அங்கே 22 பிரதிகள், பிரெய்ல் குறிப்பு, ஒலி விளக்கம் எல்லாம் உண்டு.

தமிழ்நாட்டில் பிரதி செய்ய முதலில் போக வேண்டிய இடம் சுவாமிமலை. சோழர் காலச் செப்புத்திருமேனிகளை வார்த்த அதே மெழுகு வார்ப்பு முறை அங்கே இன்றும் நடக்கிறது. பிளாஸ்டிக் பிரதியில் உருவம் மட்டும்தான் கிடைக்கும். உலோகத்தின் குளிர்ச்சியும் எடையும் வராது. ஒரே உருவத்தை நான்கு நிலைகளில் கேட்டு வாங்குங்கள்: மெழுகு உரு, களிமண் பூசிய கருவு (வார்ப்பு அச்சு), உடைத்தெடுத்த கரட்டு வார்ப்பு, உளியால் முடித்த சிலை. வரிசையாகத் தடவினாலே செய்முறை கைக்குப் புரியும்.

அளவு முக்கியம். இரண்டு கைக்குள் அடங்க வேண்டும். 30 முதல் 60 செ.மீ. உயரம் சரி. அதைவிடப் பெரிதானால் முழு உருவம் மனதில் சேராது, சிறிதானால் விரல்கள் ஒட்டிப்போகும். நாணயத்துக்கு நேர்மாறு: பத்து மடங்கு பெரிதாக்குங்கள். முப்பரிமாண அச்சில் எடுத்தால் அடுக்குக் கோடுகளைத் தேய்த்து வழவழப்பாக்க வேண்டும். இல்லையேல் மாணவர் அந்தக் கோட்டையே ஆடை மடிப்பு என்று எடுத்துக்கொள்வார்.

கல்வெட்டுக்குப் பலர் மைப்படியை, அதாவது கல்லின் மேல் தாளை ஒட்டி மை தட்டி எடுத்த படியை, கொடுத்துப் பார்க்கிறார்கள். அது கண்ணுக்கானது, விரலுக்கு எழுத்து சரியாகத் தட்டுப்படாது. கல்லில் வெட்டிய கோடு விரல்நுனியைவிடக் குறுகலானது. ஒரு பலகையில் உள்ளபடியே பள்ளமாகவும், இன்னொன்றில் அதே வரியை மேடாகவும் வையுங்கள். மேட்டில் எழுத்தைப் படித்துவிட்டுப் பள்ளத்தைத் தொட்டால் உளி போன தடம் பிடிபடும்.

தொடும்போது கூடவே சொல்ல வேண்டும். நடராசருக்கு இப்படி: “பீடத்திலிருந்து தொடங்குங்கள். தாமரைப் பீடத்தின் மேல் குப்புறக் கிடப்பவன் முயலகன். அவன் முதுகில் ஊன்றியிருப்பது வலது கால். இடது கால் மடங்கி, குறுக்கே வலப்பக்கம் தூக்கியிருக்கிறது. இப்போது கைகள், நான்கு. பின் வலக்கையில் உடுக்கை, பின் இடக்கையில் தீ. முன் வலக்கை ‘அஞ்சாதே’ என்று விரிந்திருக்கிறது. முன் இடக்கை உடலின் குறுக்கே தொங்கித் தூக்கிய காலைக் காட்டுகிறது.” ‘அழகு’, ‘கம்பீரம்’ எல்லாம் பிறகு, முதலில் எது எங்கே இருக்கிறது என்பது தெரிய வேண்டும். வலம், இடம் எப்போதும் சிலையினுடையதா, தொடுபவருடையதா என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பிரெய்ல் பலகையில் மூன்று தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன. புள்ளிகளை மேடாக்காமல் மையில் அச்சடிப்பது ஒன்று; இப்படியும் செய்கிறார்கள்! பார்க்கப் பெரிதாக இருக்கட்டும் என்று புள்ளி இடைவெளியைக் கூட்டுவது இரண்டு, 2.5 மி.மீ. தாண்டினால் விரல்நுனிக்குள் ஓர் எழுத்தின் புள்ளிக் கட்டம் அடங்காது. சுவரில் நெஞ்சு உயரத்தில் செங்குத்தாக மாட்டுவது மூன்று. மணிக்கட்டு மடங்கி வலிக்கும். ஒரு மீட்டர் உயரத்தில், சாய்வுப் பலகையில் வையுங்கள். தமிழ் பிரெய்லில் ழ, ள, ற, ன ஆகியவற்றுக்குத் தனித்தனிக் குறியீடு உண்டு. அச்சுக்கு அனுப்பும் முன் பிரெய்ல் படிக்கும் ஒருவர் மாதிரியைத் தடவிப் பார்த்தே ஆக வேண்டும்.

எனக்கு 72 வயது. ஓலைச்சுவடி வைத்திருக்கும் கூடத்தில் எழுத்தே தெரியவில்லை, ஒரே இருட்டு. விளக்குப் போடக் கூடாதா? – வாசகர், கோவை

ஓலை, தாள், துணிக்கு 50 லக்ஸ் (பொருளின் மேல் விழும் வெளிச்சத்தின் அளவு) என்பது வழக்கமான வரம்பு. ஒளியால் வரும் சேதம் சேர்ந்துகொண்டே போகும், திரும்ப சரியாகாது. ஆகவே சுவடியின் மேல் வெளிச்சம் கூடாது. அதன் குறிப்பட்டையின் மேல் கூடலாமே! அட்டையைக் கண்ணாடிப் பேழைக்கு வெளியே கொண்டுவந்து, அதற்கு மட்டும் 100 லக்ஸுக்குக் குறையாத தனி விளக்கு கொடுக்கலாம். கல், செம்பு, பானை ஓட்டுக்கு இந்த வரம்பெல்லாம் இல்லை. அந்தக் கூடங்களும் இருட்டாக இருந்தால் அது பாதுகாப்புக்காக அல்ல, மேடை அலங்காரத்துக்காக.

எழுத்தின் உயரத்துக்கு ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் கணக்கு உதவும்: ஒரு மீட்டர் தள்ளி நின்று படிக்க 9 மி.மீ., இரண்டு மீட்டருக்கு 19 மி.மீ. இது ஆங்கிலச் சிற்றெழுத்துக்குப் போட்ட கணக்கு. ண, னை, ஞ போன்ற சுழிகள் அடைந்துபோகாமல் இருக்கத் தமிழுக்கு ஒரு சுற்றுக் கூட்டிக்கொள்வது நல்லது. கண்ணாடியின் மேலேயே வெள்ளை எழுத்து ஒட்டுவது இப்போது ஒரு மோகம். அதன் நிழல் பின்னால் விழுந்து எழுத்து இரட்டையாகத் தெரியும். நீங்கள் நுழைவாயிலில் பெரிய எழுத்துக் கையேடு கேளுங்கள். இல்லையென்றால், 18 பாயின்ட் அளவு எழுத்தில் எல்லாக் குறிப்புகளையும் அச்சடித்து ஒரு கோப்பில் வைப்பது ஒரு நாள் வேலை என்று எழுதிக் கொடுங்கள்.

காது கேளாதோருக்குச் சைகை மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்தோம். ஆனாலும் அவர்கள் சலிப்போடு திரும்பினார்கள். – கல்லூரி மாணவர் குழு, சேலம்

அநேகமாக வழிகாட்டி பொருளைக் காட்டிக்கொண்டே பேசியிருப்பார். சைகையைப் பார்க்கும் கண்ணால் அதே நேரத்தில் செப்பேட்டைப் பார்க்க முடியாது. முதலில் காட்டுங்கள், பேசாமல் காத்திருங்கள், அவர்கள் திரும்பிப் பார்த்த பிறகு விளக்குங்கள். நேரம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பதால் பத்துப் பொருளுக்குப் பதில் ஐந்தைத் தேர்ந்தெடுங்கள். மொழிபெயர்ப்பாளர் கைமேல் வெளிச்சம் படட்டும்.

இந்தியச் சைகை மொழி தமிழின் கைவடிவம் அல்ல. அதற்குத் தனி இலக்கணம். அதுவே முதல் மொழியாக இருப்பவருக்கு நீண்ட தமிழ்க் குறிப்பட்டை இரண்டாம் மொழிப் பாடம். டெல்லியில் உள்ள இந்தியச் சைகை மொழி ஆய்வு, பயிற்சி மையத்தின் அகராதியில் 10,000 சொற்கள் உண்டு. ‘மெய்க்கீர்த்தி’ (கல்வெட்டில் மன்னன் புகழ் பாடும் பகுதி), ‘நடுகல்’ போன்ற வரலாற்றுச் சொற்களுக்கு உள்ளூர்க் காது கேளாதோருடன் முன்கூட்டியே உட்கார்ந்து சைகையை முடிவு செய்யுங்கள். எழுத்து எழுத்தாக விரலில் காட்டிக்கொண்டிருந்தால் சலிக்கத்தான் செய்யும்.

இதெல்லாம் சட்டப்படி கட்டாயமா, தயவா? – வாசகர், சென்னை

கட்டாயம். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ‘பொதுக் கட்டடம்’ என்பது மக்கள் வந்து போகும் தனியார் கட்டடத்தையும் சேர்த்தது. பழைய கட்டடங்களை மாற்ற 45ஆம் பிரிவு ஐந்து ஆண்டுகள் தந்தது. விதிகள் வந்தது 2017இல், அந்தக் கெடு முடிந்துவிட்டது. விதிகளின் தரநிலைகள் வெறும் பரிந்துரை போல இருப்பது செல்லாது என்று ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் சொன்னது. மீறினால் 89ஆம் பிரிவின்படி முதல் முறை 10,000 ரூபாய் வரை, அடுத்தடுத்து 50,000 முதல் ஐந்து லட்சம் வரை அபராதம்.

அதிகம் பேர் கவனிக்காத 29ஆம் பிரிவையும் படித்துப் பாருங்கள். மாற்றுத்திறனாளிகளின் வரலாற்றையே சொல்லும் அருங்காட்சியகம் ஒன்றை நிறுவுவதும் அரசு செய்ய வேண்டியவற்றில் ஒன்று என்கிறது அது.

புகாரை மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கு அனுப்பலாம். “வசதியில்லை” என்று மட்டும் எழுதாதீர்கள். கதவின் குறுக்கே அளவு நாடாவைப் பிடித்து, எண் தெரியும்படி படமெடுத்து இணையுங்கள். சாய்தளத்துக்கு உயரம் ஒரு படம், நீளம் ஒரு படம்.